நத்தார்க் கள்ளி

நத்தார்க் கள்ளி என்பது முள் இல்லாத, இலை இல்லாத ஒரு சாடிச் செடி. தட்டையான பச்சைத் துண்டங்கள் ஒன்றின் நுனியில் ஒன்றாகக் கோத்துச் சங்கிலி போலத் தொங்கும். கடைசித் துண்டத்தின் நுனியில் சிவப்பு, ரோஸ் அல்லது வெள்ளை நிறத்தில் பூ வரும். திருகோணமலையில் பெரும்பாலான வீடுகளில் இதைக் 'கிறிஸ்மஸ் கேக்டஸ்' என்றுதான் சொல்கிறோம். நல்ல தமிழில் ஒரு பெயர் கையிலேயே இருக்க, ஏன் அப்படிச் சொல்லவேண்டும் என்பதுதான் என் ஆதங்கம். ஆனால் அந்தப் பெயரில் உள்ள 'கள்ளி'யைத் தப்பாக விளங்கிக்கொண்டால் செடி செத்துப்போகும். என்னுடைய முதல் செடி அப்படித்தான் போனது.

'நத்தார்' தமிழ்நாட்டு வாசகருக்குப் புதிதாக இருக்கலாம். போர்த்துக்கேய மொழியில் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு 'நத்தால்' என்று பெயர். பிறப்பைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது அது. இலங்கைத் தமிழில் அது நத்தார் ஆனது, சிங்களத்தில் நத்தல். காலில் போடும் சப்பாத்தும் அதே வழியாக வந்ததுதான். போர்த்துக்கேயர் 1624-இல் இங்கே கோட்டை கட்டினார்கள், சில பத்தாண்டுகளில் போயும் விட்டார்கள். சொற்கள் மட்டும் நம்மோடு தங்கிவிட்டன. திருகோணமலையின் பாலையூற்றுப் பக்கம் வாழும் பறங்கியர் (ஐரோப்பிய வழிவந்தவர்கள்) குடும்பங்களில் போர்த்துக்கேயக் கலப்பு மொழி பேசுகிற பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆகவே நத்தார் கடன் சொல்தான், ஆனால் நாங்கள் நானூறு வருடமாகப் பேசிப் பழகிய கடன் சொல். 'கிறிஸ்மஸ்' என்பதைவிட அதைத்தான் நான் விரும்புவேன்.

'கேக்டஸ்' நெடுந்தூரம் வந்த சொல். பழைய கிரேக்கத்தில் 'காக்டோஸ்' என்றால் சிசிலித் தீவில் வளர்ந்த ஏதோ ஒரு முட்செடி. கிரேக்க அறிஞர் தியோஃபிராஸ்டஸ் அதைப் பற்றி எழுதும்போது அமெரிக்கா என்றொரு நிலம் இருப்பதே கிரேக்கருக்குத் தெரியாது. பிற்காலத்தில் அமெரிக்காவிலிருந்து முட்செடிகள் ஐரோப்பாவுக்கு வந்தபோது செடிகளுக்கு அறிவியல் பெயர் வைக்கும் முறையை வகுத்த லின்னேயஸ் அந்தப் பழைய பெயரை எடுத்து இவற்றுக்கு வைத்துவிட்டார்.

நாமும் அதையேதான் செய்தோம். நம்முடைய கள்ளி மிகப் பழைய சொல். குறுந்தொகையின் 16-ஆம் பாட்டில் பல்லி தன் துணையைக் கூப்பிடுவது ஒரு கள்ளியங்காட்டில். சதுரக்கள்ளி, திருகுகள்ளி, இலைக்கள்ளி என்று நாம் பெயர் வைத்த செடிகள் எல்லாவற்றுக்கும் ஒரு பொது அடையாளம் உண்டு: கிள்ளினால் வெள்ளைப் பால் வடியும், கண்ணில் பட்டால் எரியும். திருகுகள்ளிக்கு அறிவியல் பெயர் யூபோர்பியா திருகள்ளி. நம் மண்ணின் சொல் அப்படியே அதில் உட்கார்ந்திருக்கிறது. கேக்டஸ் குடும்பம் இதற்கு உறவே இல்லை. அமெரிக்கச் செடி கடல் தாண்டி வந்து நம் வேலிகளில் ஏறியபோது, சதைப்பற்றையும் முள்ளையும் பார்த்து, நாகதாளி, சப்பாத்திக்கள்ளி என்று அதையும் கள்ளிக் கூட்டத்தில் சேர்த்துக்கொண்டோம். நத்தார்க் கள்ளியின் ஒரு துண்டத்தை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். பால் வராது. தண்ணீர் போல வழுவழுப்பாக ஏதோ விரலில் ஒட்டும், அவ்வளவுதான். வீட்டில் பூனை இருந்தால்கூடப் பயப்பட வேண்டாம், இது நச்சுச் செடி இல்லை.

இங்கேதான் சொல் ஆளை ஏமாற்றுகிறது. கள்ளி என்று கேட்டவுடன் நம் மனதில் வருவது வெயில், பொட்டல், தண்ணீர் இல்லாத நிலம். நானும் அப்படி நினைத்து, மலைநாட்டு நுவரெலியாவிலிருந்து பெரியம்மா கொடுத்தனுப்பிய செடியை முற்றத்து மதிலில் வைத்தேன். ஆனி மாதம், கச்சான் வீசுகிற காலம். (நிலக்கடலையைச் சொல்லவில்லை. மேற்கிலிருந்து அனலாக வரும் எங்கள் காற்றுக்கும் அதே பெயர்தான்.) நான்கு நாளில் பச்சை செம்மஞ்சளாகியது, பத்தாம் நாள் துண்டங்கள் கிழவியின் காதுச்சோணை போலச் சுருங்கித் தொங்கின. வாடுகிறதே என்று ஒரேயடியாகத் தண்ணீர் ஊற்றினேன். அடி அழுகி, தொட்ட இடமெல்லாம் கையோடு வந்தது.

இந்தச் செடியின் சொந்த ஊர் பாலைவனம் இல்லை. தென்கிழக்கு பிரேசிலில் ரியோ டி ஜெனிரோவை ஒட்டிய மலைக்காடுகள். மூடுபனியும் நிழலும் உள்ள அந்தக் காட்டில் மரக்கிளைகளிலும் பாறை இடுக்குகளிலும் சேரும் இலைமக்கைப் பிடித்து வளரும். பாடப்புத்தகத்தில் இப்படிப்பட்ட செடியை 'மேலொட்டி' என்பார்கள், 'தொற்றுத் தாவரம்' என்றும் சொல்வதுண்டு. புல்லுருவி வேறு. அது மரத்தின் சாற்றை உறிஞ்சும், இது மரத்தில் இடம் மட்டும் கேட்கும். இலை போலத் தெரிகிற துண்டம் உண்மையில் தண்டு, இலையின் வேலையையும் அதுவே பார்க்கிறது. தமிழில் அதற்கு 'இலைத்தொழில் தண்டு' என்ற பெயர் உண்டு. சொல்லிலேயே விளக்கம் இருக்கிற அருமையான கலைச்சொல் அது.

அறிவியல் பெயர் ஷ்லம்பெர்கேரா. பிரெடெரிக் ஷ்லம்பெர்கர் என்ற பிரெஞ்சுச் செடி சேகரிப்பாளரின் நினைவாக 1858-இல் பிரெஞ்சுத் தாவரவியலாளர் லெமேர் வைத்தது. இதில் இரண்டு வகை நம் கைக்கு வரும். துண்டத்தின் ஓரம் நண்டுக் கொடுக்குப் போலக் கூரிய பல்லோடு இருந்தால் அது ஷ்லம்பெர்கேரா டிரங்கேட்டா. ஓரம் மழுங்கி அலை போல வளைந்திருந்தால் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் உருவான கலப்பினம், பழைய கிறிஸ்மஸ் கேக்டஸ் அதுதான். கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது பல் வைத்த வகை. வேடிக்கை என்னவென்றால் பிரேசிலில் இதற்கு 'மே மாதப் பூ' என்று பெயர். அங்கே நாள் குறுகி இரவு நீள்வது அப்போதுதான்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். கேக்டஸ் குடும்பம் முழுவதும் அமெரிக்கக் கண்டங்களுக்கு உரியது. அதற்கு வெளியே இயற்கையாகவே வளர்கிற ஒரேயொரு இனம் ரிப்சாலிஸ் பாக்சிபெரா. ஆபிரிக்காவிலும் மடகாஸ்கரிலும் இலங்கையிலும் இருக்கிறது. மரத்திலிருந்து பச்சைக் கயிறுகளாகத் தொங்கும், முத்துப்போல வெள்ளைப் பழம் வைக்கும். நத்தார்க் கள்ளிக்கு அது கிட்டிய சொந்தம். பிரேசில் செடி என்று நாம் அந்நியமாகப் பார்க்கிற ஒன்றின் ஒன்றுவிட்ட உறவு நம் நாட்டுக் காட்டிலேயே தொங்குகிறது என்பதை அறிந்த நாளில் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

சரி, புதுச் செடி உண்டாக்குவதற்கு என்ன சொல்? 'பதியன் போடுவது' என்று சிலர் சொல்கிறார்கள். அது பொருந்தாது. தாய்ச் செடியோடு கிளை ஒட்டியிருக்கும்போதே அதை மண்ணில் புதைத்து வேர் விடவைப்பதுதான் பதியன். இங்கே நாம் செய்வது துண்டு நடுவது. வேலிக்குக் கதியால் போடுகிறோமே, பூவரசந் தடியை ஊன்றினால் வேர் விடுகிறதே, அதே வித்தைதான். ஆனால் தடியைப் போல வெட்ட வேண்டாம். இரண்டு மூன்று துண்டங்கள் உள்ள நுனியைப் பிடித்து, மூட்டில் மெல்ல முறுக்கினால் தானாகக் கழன்று வரும். கழன்ற வாய் பச்சையாக, ஈரமாக இருக்கும். அதை உடனே நடக்கூடாது. விறாந்தையில் நிழலில் ஒரு பழைய பேப்பரின் மேல் ஓரிரு நாள் கிடக்கட்டும். வாய் வெளிறி, தோல் போலக் காய்ந்த பிறகு நடவேண்டும். இந்த ஒரு வேலையில் அவசரப்பட்டவர்களுக்குத்தான் துண்டு அழுகும்.

ஆற்றுமணலும் தும்புத்தூளும் (தேங்காய் நார்த்தூள்) கொஞ்சம் இலைமக்கும் கலந்து சிறு சாடியில் போடுங்கள். கடல்மணல் எடுக்காதீர்கள், உப்பு கொன்றுவிடும். அடித்துண்டத்தில் பாதிக்குக் குறைவாகப் புதைந்தால் போதும். ஒரு சாடியில் மூன்று நான்கு துண்டுகள் நட்டால் பிறகு அடர்த்தியாக இருக்கும். மண் பட்டும் படாமலும் ஈரமாக இருக்கவேண்டும். மூன்று முதல் ஆறு கிழமைக்குள் (வாரத்துக்குள்) வேர் வரும். நுனியில் செம்பச்சையாக ஒரு சிறு துளிர் எட்டிப் பார்த்தால் பிடித்துவிட்டது என்று அர்த்தம்.

அப்புறம் தண்ணீர். மேல்மண் ஒரு விரல் ஆழத்துக்குக் காய்ந்தால் ஊற்றுங்கள், தட்டில் தேங்க விடாதீர்கள். எங்கள் கிணறு கொஞ்சம் உவர், அதனால் மாரியில் கூரைத் தண்ணீரைப் பிடித்துவைத்து அதையே இதற்கு விடுகிறேன். இடம் என்றால் காலை வெயில் சற்றே படும் விறாந்தை ஓரம்.

பூ விஷயத்தில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இரவு நீளவேண்டும், குளிரவும் வேண்டும். 10 முதல் 15 பாகை செல்சியஸுக்கு இறங்கும் நுவரெலியா இரவில் அது யாரும் கேட்காமலே மொட்டுக் கட்டும். திருகோணமலையில் மார்கழி இரவுகூட 24 பாகையை ஒட்டித்தான் நிற்கிறது. நம் கையில் இருப்பது இருட்டு மட்டும். ஐப்பசி நடுவிலிருந்து ஆறு கிழமைக்கு, மாலை ஐந்து மணிக்கு ஒரு காட்போட் பெட்டியால் மூடி, காலை ஏழு மணிக்கு எடுத்தேன். விறாந்தை பல்ப் வெளிச்சம் படாமல் கிணற்றடிப் பக்கம் வைத்தேன். உரத்தை அதற்கு முன்பே நிறுத்தியிருந்தேன். கார்த்திகைக் கடைசியில் மூன்று நுனிகளில் அரிசி அளவுக்குச் சிவப்பாகத் தெரிந்தது. சந்தோஷத்தில் சாடியை வீட்டுக்குள் கொண்டுவந்து மேசையில் வைத்தேன், இரண்டு கொட்டிவிட்டன. மொட்டு வந்த செடியை இடம் மாற்றக்கூடாது என்று பெரியம்மா போனில் சொன்னது அதற்குப் பிறகுதான்.

மிஞ்சிய ஒன்று நத்தார் கழிந்து, வருடம் பிறந்து, தைப்பொங்கலுக்கு முதல் நாள் மலர்ந்தது.