வேர் குடிக்காத நீரை இலை குடிக்கும் விதம்

ஏர் பிளான்ட் வளர்க்கும் வாசகர் ஒருவர் எழுதியிருந்த கடிதத்தின் சாரம் இது: "காற்றிலேயே வாழும் செடி, தண்ணீரே தேவையில்லை என்று சொல்லிக் கொடுத்தார்கள். கண்ணாடிக் குடுவைக்குள் தொங்கவிட்டு மூன்று மாதம் அப்படியே வைத்திருந்தேன். இலைகள் உள்பக்கமாகச் சுருண்டு, நுனிகள் கருகத் தொடங்கின. பதறிப்போய் ஒவ்வோர் இரவும் தண்ணீர் தெளித்தேன். ஒரு நாள் தொட்டுப் பார்த்தபோது நடு இலைகள் கொத்தாகக் கையோடு வந்துவிட்டன. தண்ணீர் இல்லாவிட்டால் வாடுகிறது, கொடுத்தால் அழுகுகிறது. இந்தச் செடிக்கு என்னதான் வேண்டும்?"

வாட்டம், அழுகல் இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது. அந்த இலையின் மேல் வெண்பொடி தூவியதுபோல் படிந்திருக்கும் செதில்களே அந்த இடம். அவற்றின் வேலையைப் புரிந்துகொண்டால், இச்செடியை எப்படி வளர்ப்பது என்று தனியே யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஏர் பிளான்ட் என்று விற்கப்படுபவை டில்லான்ட்சியா என்ற பேரினத்தைச் சேர்ந்தவை. அன்னாசி இருக்கும் ப்ரோமிலியேசி குடும்பந்தான் இவற்றின் குடும்பமும். 600-க்கும் மேற்பட்ட இனங்கள் அமெரிக்கக் கண்டங்களில் மட்டும், ஐக்கிய அமெரிக்காவின் தென்கிழக்கிலிருந்து அர்ஜென்டினா, சிலி வரை இயற்கையாக வளர்கின்றன. பெரும்பாலானவை மரக்கிளைகளிலும் பாறைகளிலும் தொற்றி வாழ்பவை. மரத்தின் மேல் இருப்பதாலேயே இவற்றைப் புல்லுருவியோடு சேர்த்து எண்ணிவிடக் கூடாது. புல்லுருவி தன் உறிஞ்சு வேரை மரத்துக்குள் செலுத்தி அதன் நீரைத் திருடும் ஒட்டுண்ணி. டில்லான்ட்சியா மரத்தை இருக்கையாக மட்டும் பயன்படுத்தும் தொற்றுத் தாவரம். இதன் வேர்கள் பிடிமானத்துக்கானவை. ஸ்பானிஷ் பாசி என்று தவறாக அழைக்கப்படும் டில்லான்ட்சியா அஸ்னியாய்டிஸ் வளர்ந்த நிலையில் வேரே இல்லாமல் கிளைகளிலிருந்து நரைத்த தாடிபோல் தொங்குகிறது. பாசியும் இல்லை, ஸ்பெயினைச் சேர்ந்ததும் இல்லை. முறையாகப் பூத்து விதை தரும் தாவரம் அது.

பெயரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இப்பேரினத்துக்குப் பெயர் வைத்தவர், உயிரினங்களுக்குப் பெயரிடும் முறையை வகுத்த ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ். 17-ஆம் நூற்றாண்டில் இன்றைய பின்லாந்தின் துர்க்கு நகரில் பேராசிரியராக இருந்த எலியாஸ் டில்லான்ட்ஸ் என்ற மருத்துவரின் நினைவாக அப்பெயர் வந்தது. கடற்பயணத்தில் படாத பாடு பட்ட அவர், திரும்பும்போது கப்பலே வேண்டாம் என்று ஸ்வீடனுக்கும் பின்லாந்துக்கும் இடையிலுள்ள வளைகுடாவைச் சுற்றி நிலவழியாகவே வந்து சேர்ந்தார் என்று சொல்லப்படுகிறது. இச்செடிகளும் அவரைப்போலவே நீரை வெறுப்பவை என்று லின்னேயஸ் கருதினார். நீர் வேண்டாத செடி என்ற தவறான எண்ணம் அந்தப் பெயரிலேயே ஏறி உட்கார்ந்து, இன்றுவரை வீட்டுச் செடிகளைக் காயப்போட்டுக்கொண்டிருக்கிறது.

இனிச் செதிலுக்கு வருவோம். சாம்பல் நிற இலை கொண்ட ஒரு டில்லான்ட்சியா கையில் கிடைத்தால், ஓர் உருப்பெருக்குக் கண்ணாடியை வைத்துக்கொண்டு இலையின் நடுவில் ஒரே ஒரு சொட்டு நீரை விட்டுப் பாருங்கள். தாமரை இலையில் விழுந்த சொட்டுபோல் அது உருண்டு நிற்பதில்லை. மை ஒற்றும் தாளில் பட்ட மைபோல் நொடிகளில் பரவி மறைகிறது. பரவிய இடம் மட்டும் சாம்பல் நிறம் நீங்கிப் பளிச்சென்ற பச்சையாகிறது. நனைந்த வெள்ளைத் துணி உள்ளே இருப்பதைக் காட்டுவது போன்ற நிகழ்வுதான் இது. காற்று நிறைந்திருந்த செதில்கள் ஒளியை நாலாபுறமும் சிதறடித்து வெளிறித் தெரிந்தன; காற்றின் இடத்தில் நீர் நுழைந்ததும் அவை ஒளிபுகும் தகடுகளாகி, அடியில் உள்ள பச்சையம் தெரிகிறது. இதை முதன்முதலில் கண்ணாடி வழியே பார்த்த அன்று, இலை முழுவதும் பச்சையாகும்வரை ஒவ்வொரு சொட்டாக விட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

ஒவ்வொரு செதிலும் ஒரு டிரைக்கோம், அதாவது இலையின் புறத்தோலிலிருந்து எழும் நுண் உறுப்பு. குடை அல்லது கேடயம் போன்ற வடிவம் கொண்டது. அதன் விரிந்த மேற்பகுதியின் அமைப்பு கோலம் போட்டதுபோல் அவ்வளவு ஒழுங்கானது: நடுவில் நான்கு செல்கள், அவற்றைச் சுற்றி எட்டு, அதைச் சுற்றிப் பதினாறு, வெளி விளிம்பில் பல இனங்களில் அறுபத்து நான்கு நீண்ட செல்கள் சிறகுபோல் விரிந்திருக்கும். வியப்பான செய்தி என்னவென்றால், முதிர்ந்த செதிலில் இந்தச் செல்கள் அனைத்தும் இறந்தவை. உள்ளே இருந்த உயிர்ப்பொருள் போய்விட்டது. செல்சுவர்கள் மட்டும் வெற்றுப் பெட்டிகளாக நிற்கின்றன. உயிரோடு இருப்பவை குடையின் காம்பாக அமைந்த சில செல்களே. இலையின் மற்ற பகுதியெல்லாம் நீர் புகாத மெழுகுத்தன்மை கொண்ட கியூட்டிக்கிள் உறையால் மூடப்பட்டிருக்க, இந்தக் காம்பு மட்டும் அந்த உறையைத் துளைத்துக்கொண்டு உள்ளே செல்கிறது. ஆகவே இலைக்குள் நீர் புகக் கூடிய வாசல் அது ஒன்றுதான்.

நீர் படும்போது நடப்பதை மெதுவாகப் பார்க்கலாம். வறண்டிருக்கும் நேரத்தில் நடுவட்டச் செல்கள் காற்றுப் போன துருத்திபோல் சப்பிக் கிடக்கின்றன. அவற்றின் மேற்சுவர் மிகத் தடிமனானது, அது கீழிறங்கிக் காம்பின் தலைமேல் மூடிபோல் அமர்ந்திருக்கிறது. சிறகு சற்றே மேல்நோக்கித் தூக்கி நிற்கிறது. மழைத்துளியோ பனித்துளியோ பட்டவுடன், சிறகுக்கும் இலைக்கும் இடையிலுள்ள நுண்ணிய சந்துகளில் நீர் நுண்புழை ஈர்ப்பினால் இழுக்கப்பட்டுப் பரவுகிறது. இறந்த செல்களின் சுவர்கள் நீரை ஏற்று உப்புகின்றன, துருத்தி விரிகிறது, தடித்த மூடி மேலே எழும்புகிறது, சிறகு இலையோடு படிந்து, தன் அடியில் ஒரு மெல்லிய நீர்ப்படலத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அங்கிருந்து நடுச்செல்களுக்குள் நிறையும் நீர், உயிருள்ள காம்புச் செல்லின் சவ்வைத் தொடுகிறது. பள்ளியில் படித்த சவ்வூடு பரவல் இனிமேல்தான் தொடங்குகிறது: இலைக்குள் கரைபொருள் செறிவு அதிகம், வெளியே மழைநீரில் மிகக் குறைவு, ஆகவே நீர் தானாக உள்ளே நகர்கிறது. மழை நின்றதும் மேற்செல்கள் காய்ந்து சுருங்குகின்றன. தடித்த மூடி மறுபடி இறங்கி வாசலை அடைக்கிறது. மூடியைத் தூக்குவதற்கோ இறக்குவதற்கோ செடி தன் ஆற்றலில் ஒரு துளியையும் செலவிடவில்லை. நனைவதும் காய்வதுமே கதவைத் திறந்து மூடுகின்றன.

இதில் உண்மையான புதிர் நீர் உள்ளே போவதில் இல்லை. வெளியே வராமல் இருப்பதில் இருக்கிறது. எளிதாக நீர் புகும் வழி எதுவானாலும் அதே வழியாக எளிதாக வெளியேறவும் முடியும் என்பதுதான் இயல்பு. மண்ணில் வேர் ஊன்றிய செடிக்கு இழந்ததை மீண்டும் எடுத்துக்கொள்ள வழியுண்டு. கிளையில் தொங்கும் செடி காலையில் சில நிமிடம் கிடைத்த பனிநீரை வைத்து நாள்களை ஓட்ட வேண்டும். ஷிம்பர், மெஸ் ஆகிய ஜெர்மானியத் தாவரவியலாளர்கள் நூறாண்டுகளுக்கு முன்பே இச்செதில்களின் உறிஞ்சும் தொழிலை ஆராய்ந்திருந்தார்கள். ஆனால் இரு திசைகளுக்கும் இடையிலான வேறுபாட்டை இயற்பியல் முறையில் அளந்து விளக்கிய ஆய்வு, சிலியில் ஆய்வு செய்த ழாக் டுமே குழுவினரால் 2020-இல்தான் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் வெளிவந்தது. தலைப்பிலேயே அவர்கள் இதை ஒருவழி நீர் வால்வு என்று அழைத்தார்கள். உள்ளே வரும் நீர் திரவமாக, நிறைந்த செல்கள் வழியே சவ்வைத் தொட்டு நுழைகிறது. வெளியேற முயலும் நீரோ வற்றிய செதிலின் தடித்த சுவரைக் கடந்து ஆவியாக வேண்டும். வாசல் ஒன்றாக இருந்தாலும் வரும் பாதையும் போகும் பாதையும் வேறு வேறு.

இயந்திரம், மின்சாரம், கண்காணிப்பு எதுவும் இல்லாமல், இறந்த செல்களைக் கொண்டே இயங்கும் வால்வு இது. இத்தகைய ஆய்வுக்குப் பணம் கேட்டால், இதனால் உடனடியாக என்ன பயன் என்றுதான் முதல் கேள்வி எழுகிறது. பனியிலிருந்து நீர் பிடிக்கும் பரப்புகளை வடிவமைப்போருக்கு இது நாளை உதவலாம். ஆனால் அந்த நம்பிக்கையைக் காட்டித்தான் நிதி பெற வேண்டும் என்ற நிலை சரியானது என்று நான் நினைக்கவில்லை. ஒரு செடி எப்படி உயிர் பிழைக்கிறது என்று அறிவதே போதிய பயன்.

இந்த அமைப்புக்குச் செடி ஒரு விலை கொடுக்கிறது. வாசகரின் செடி அழுகியதற்கான காரணமும் அதுவே. சிறகுகள் படிந்து இலை முழுவதும் நீர்ப்படலம் மூடியிருக்கும்வரை இலைத்துளைகளுக்குக் கார்பன் டை ஆக்சைடு சரிவரக் கிடைப்பதில்லை. காற்றைவிட நீரில் அவ்வாயு பல்லாயிரம் மடங்கு மெதுவாகவே பரவும். தண்ணீர் குடிக்கும் நேரமெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும் செடி என்று இதைச் சொல்லலாம். இயற்கையில் உயரக் கிளைகளில் காற்று வீசி விரைவில் உலர்த்திவிடுவதால் இது தொல்லையாவதில்லை. காற்றோட்டமில்லாத குடுவைக்குள் இலைகள் உலர்வதே இல்லை. இலையடுக்குகளின் அடியில் தேங்கிய நீரில் பூஞ்சையும் பாக்டீரியாவும் பெருகி, நடுக்குருத்து அழுகுகிறது.

இரவில் தெளித்தது நிலைமையை மேலும் மோசமாக்கியது. வறண்ட சூழலில் வாழும் டில்லான்ட்சியாக்கள் பகலில் நீராவிப்போக்கைத் தவிர்க்க இலைத்துளைகளை மூடிக்கொண்டு, குளிர்ந்த இரவில்தான் திறக்கின்றன. அப்போது உள்ளிழுத்த கார்பன் டை ஆக்சைடை மாலிக் அமிலமாக மாற்றிச் செல்களுக்குள் சேமித்து, மறுநாள் வெளிச்சத்தில் அதை எடுத்து ஒளிச்சேர்க்கை செய்கின்றன. இந்த இரவுச் சேமிப்பின் தடயத்தை நாக்கினால் கண்டறிந்தவர் ஒருவர் உண்டு. இந்தியாவில் பணியாற்றிய பெஞ்சமின் ஹெய்ன் என்ற தாவரவியலாளர், நாம் ரணகள்ளி என்றும் கட்டிப்போட்டால் குட்டிபோடும் என்றும் அழைக்கும் செடியின் இலையை மென்று பார்த்து, அது காலையில் புளிப்பாகவும் நண்பகலில் சுவையற்றும் மாலையில் சற்றுக் கசப்பாகவும் இருப்பதாக எழுதினார். அக்கடிதம் 1815-இல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் ஏட்டில் அச்சாயிற்று. டில்லான்ட்சியாவிலும் இதே வேதியியல்தான். இரவில் இலையை நனைத்து வைத்தால், அது மூச்சிழுக்கும் ஒரே வேளையில் மூக்கைப் பொத்துவதாகிறது.

எனவே காலையில், வாரத்துக்கு ஒரு முறையோ வறண்ட காலத்தில் இரு முறையோ, இருபது முப்பது நிமிடம் முழுச் செடியையும் நீரில் அமிழ்த்தி வைக்கலாம். எடுத்தபின் தலைகீழாகப் பிடித்து நன்றாக உதறி, நான்கு மணி நேரத்துக்குள் உலரும்படி காற்றோட்டமான இடத்தில் கவிழ்த்து வைக்க வேண்டும். நேர்வெயில் படாத நல்ல வெளிச்சம் போதும். வெள்ளைச் செதில் அடர்ந்த இனங்கள் அதிக வெயிலையும் வறட்சியையும் தாங்கும். செதில் குறைந்து வழுவழுப்பாகப் பச்சையாக இருப்பவற்றுக்கு நீர் அடிக்கடி வேண்டும். மழைநீர் கிடைத்தால் அதுவே சிறந்தது. கடினநீரிலுள்ள உப்புகள் செதில்களின்மேல் படிந்துவிடும்.

செம்புக் கம்பியால் மட்டும் கட்டிவிடாதீர்கள். நீரில் கரைந்த எதையும் இந்த வாசல் உள்ளே விட்டுவிடுகிறது. மழைநீரிலும் தூசியிலும் உள்ள அற்ப அளவு சத்துகளைக்கொண்டு வாழும் செடிக்கு அது வரம், ஆனால் செம்பு அயனிகள் புகுந்தால் அதுவே நஞ்சு. செம்பு கலந்த பூஞ்சைக்கொல்லிகளுக்கும் இது பொருந்தும். நைலான் நூலால் மரக்கட்டையில் கட்டுவது பாதுகாப்பானது. காற்றிலிருந்து உலோகங்களை இப்படிச் சேர்த்துக்கொள்வதால்தான் ஸ்பானிஷ் பாசியைக் காற்று மாசை அளக்கும் கருவியாக ஆய்வாளர்கள் பயன்படுத்துகிறார்கள்.

மாசை உள்வாங்கிக் காட்டும் செடி என்றால் வீட்டுக் காற்றையும் சுத்தமாக்கும்தானே என்று சிலர் கேட்கிறார்கள். வீட்டுச் செடிகள் காற்றைத் தூய்மைப்படுத்தும் என்ற பரவலான நம்பிக்கை, 1989-இல் நாசா வெளியிட்ட ஓர் ஆய்விலிருந்து வளர்ந்தது. அது மூடிய சிறு பெட்டிகளுக்குள் செய்யப்பட்ட சோதனை. 2019-இல் வெளியான ஒரு மறுஆய்வு, சன்னல் திறந்து மூடும் சாதாரணக் கட்டடத்தில் அந்தப் பயனைப் பெற ஒரு சதுர மீட்டர் தரைக்கு 10 முதல் 1,000 செடிகள்வரை வேண்டும் என்று கணக்கிட்டது. அந்த நம்பிக்கையைச் சொல்லிச் செடி விற்பவர்கள்மேல் எனக்கு வருத்தம் உண்டு. அழகும் அதிசயமும் நிறைந்த ஓர் உயிரை விற்கப் பொய்க் காரணம் எதற்கு?

அழுகிய நடுக்குருத்தை மீட்க முடியாது. ஆனாலும் வாசகர் அச்செடியை எறிந்துவிட வேண்டாம். டில்லான்ட்சியாவின் ஒவ்வொரு இலைக்கொத்தும் ஒரே முறை பூத்து, பக்கக் கன்றுகளை ஈன்றுவிட்டு மெல்ல மறைவது. குருத்து சேதமானாலும் சில வேளைகளில் அடியிலிருந்து கன்று வரும். அழுகிய பகுதியை முழுவதும் நீக்கி, எஞ்சிய அடிப்பகுதி கெட்டியாக இருந்தால் காற்றோட்டத்தில் வைத்து, காலையில் மட்டும் நனைத்து உலரவிட்டுச் சில வாரங்கள் பார்க்கலாம். காய்ந்த இலைகளின் இடுக்கில் பச்சையாக ஒரு முளை தலைகாட்டினால், அதன்மேல் ஒரு சொட்டு நீரை விட்டு உருப்பெருக்குக் கண்ணாடியில் பாருங்கள். அந்தச் சின்னஞ்சிறு இலையிலும் செதில்கள் வரிசையாக அமைந்திருக்கும்.