எல்லையைக் காத்தாரா ஆளுநர்? டெக்ஸாஸ் கணக்கைச் சரிபார்க்கும் முறை

2015 ஜனவரியிலிருந்து டெக்ஸாஸ் ஆளுநராக இருக்கும் கிரெக் அபாட், 2026 நவம்பர் 3 தேர்தலில் நான்காவது முறையாக நிற்கிறார். சட்டவிரோதக் குடியேற்றம் பற்றிய பேச்சு சூடாவதற்கு இந்த ஒரு காரணமே போதும். "அவர் கை வைத்த பிறகுதான் எல்லை அடங்கியது" என்கிறது ஒரு தரப்பு. "1,100 கோடி டாலரைக் கொண்டுபோய் ஆற்றில் கொட்டினார்" என்கிறது மறு தரப்பு. டாலஸ், ஹூஸ்டன் பக்கம் குடியுரிமை பெற்று வாக்களிக்கும் தமிழர்களிடமும் இந்த இரண்டு வாசகங்கள் அப்படியே வந்துசேர்ந்திருக்கின்றன. ஆளுநரின் கையில் எது இருக்கிறது, எது இல்லை என்று இரு தரப்பும் பிரித்துப் பார்ப்பதில்லை. அதைப் பிரிக்காமல் போடும் கணக்கு எதுவும் நேர்படாது.

ஒரு சிறு விளக்கம். அமெரிக்க மாநில ஆளுநர் நம்மூர் ஆளுநரைப் போல நியமிக்கப்படுபவர் அல்லர். மக்கள் தேர்ந்தெடுக்கும் ஆட்சித் தலைவர் அவர். நம் முதலமைச்சரோடு ஒப்பிடுவதே பொருத்தம். மாநிலக் காவல்துறையும் நேஷனல் கார்டு படையும் அவர் சொல்லுக்கு நகரும். ஆனால் யார் நாட்டுக்குள் வரலாம், யாரை வெளியேற்றலாம் என்ற முடிவு ஒன்றிய அரசுடையது. அரிசோனா 2010இல் தனக்கென்று ஒரு குடியேற்றச் சட்டம் போட்டது. அதன் 4 முக்கியப் பிரிவுகளில் மூன்றை 2012 ஜூனில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. பிடிபட்டவரின் குடியேற்ற நிலையைப் போலீஸ் விசாரிக்கலாம் என்ற பிரிவு மட்டும் தப்பியது. அதே வேலியைத் தாண்டத்தான் டெக்ஸாஸ் 2023 டிசம்பரில் சட்டவிரோத நுழைவையே மாநிலக் குற்றமாக்கியது. 2024 பிப்ரவரியில் ஒன்றிய நீதிமன்றம் அதற்குத் தடை போட்டது. மார்ச் 19 அன்று உச்ச நீதிமன்றம் வழிவிட்டதும் சட்டம் சில மணி நேரம் உயிரோடு இருந்தது. அன்றிரவே மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுபடி நிறுத்திவைத்தது.

ஆக, 2021 மார்ச்சில் அபாட் தொடங்கிய எல்லைக் காவல் நடவடிக்கையான 'ஆபரேஷன் லோன் ஸ்டார்' சுற்றுவழியில்தான் நடக்க வேண்டியிருந்தது. எல்லையாக ஓடும் ரியோ கிராண்டே ஆற்றோரப் பண்ணை உரிமையாளர் தம் நிலத்தில் யாரும் நுழையக்கூடாது என்று எழுதிக் கொடுப்பார். அங்கே கால் வைப்பவரை மாநிலப் போலீஸ் அத்துமீறல் வழக்கில் பிடிக்கும். பிடிபட்டவர்கள் டெக்ஸாஸின் டில்லி (Dilley) என்ற ஊரில் இருந்த பழைய மாநிலச் சிறைக்குப் போவார்கள். இங்கே சறுக்கியது எங்கே? சிறு குற்றங்களில் 15 அல்லது 30 நாளுக்குள் அரசுத் தரப்பு வழக்குக்குத் தயாராகாவிட்டால் கைதியை வெளியே விட வேண்டும் என்பது டெக்ஸாஸ் சட்டம். நூற்றுக்கணக்கான கைதுகளைத் தாங்க கின்னி போன்ற சின்னஞ்சிறு கவுண்டிகளில் (நம்மூர் மாவட்டம் போன்றவை) வழக்கறிஞரும் இல்லை, நீதிபதியும் இல்லை. கெடு தாண்டியதால் 2021 செப்டம்பரில் மட்டும் 200க்கு மேற்பட்டவர்களை விடுவிக்க வேண்டியதாயிற்று. தண்டனை முடிந்தவரையும் மாநிலம் தானாக நாடுகடத்த முடியாது. ஒன்றிய எல்லைக் காவல் படையிடம்தான் ஒப்படைக்க வேண்டும். அங்கிருந்து அவர் புகலிடம் கேட்டு விண்ணப்பித்தால், ஆற்றைக் கடந்த முதல் நாளில் எங்கே நின்றிருப்பாரோ அங்கேதான் திரும்ப வந்து நிற்பார்.

எண்களில் விழும் பிழைகள்

விவாதங்களில் அதிகம் அடிபடுவது 'எல்லையில் பிடிபட்டோர் எண்ணிக்கை'. தென்மேற்கு எல்லையில் 2023 நிதியாண்டில் இது ஏறக்குறைய 24 லட்சத்து 80 ஆயிரம். இதை ஆட்களின் எண்ணிக்கை என்று படிப்பது முதல் பிழை. பிடித்த நிகழ்வுகளின் எண்ணிக்கை இது. 2020 மார்ச் முதல் 2023 மே 11 வரை, டைட்டில் 42 என்ற பொதுச் சுகாதார விதியின்படி, பிடித்தவுடன் ஆற்றுக்கு அப்பால் திருப்பி அனுப்பினார்கள். வழக்கும் இல்லை, தண்டனையும் இல்லை. அதே ஆள் அடுத்த வாரமே திரும்ப வந்தார், மறுபடி எண்ணப்பட்டார். 2021இல் பிடிபட்டவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் ஏற்கெனவே ஒரு முறையாவது பிடிபட்டவர்.

இரண்டாவது பிழை நாட்காட்டியில் ஒளிந்திருக்கிறது. ஒன்றிய அரசின் நிதியாண்டு அக்டோபர் 1இல் தொடங்கும், டெக்ஸாஸ் நிதியாண்டு செப்டம்பர் 1இல். மாநில பட்ஜெட் இரண்டு ஆண்டுக்குச் சேர்த்துப் போடப்படும். ஒரே ஆண்டுப் பெயரைச் சொல்லிச் செலவையும் கடப்போரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் வரைபவர்கள் பெரும்பாலும் இதைக் கவனிப்பதே இல்லை.

மூன்றாவது, எல்லைக் கோடு. தென்மேற்கு எல்லை 9 பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. பிக் பெண்ட், டெல் ரியோ, லாரிடோ, ரியோ கிராண்டே பள்ளத்தாக்கு ஆகிய நான்கில் பிடிபடும் எல்லையோரக் கணக்கு டெக்ஸாஸுடையது. எல் பாசோ பிரிவில் நியூ மெக்ஸிகோ மாநிலம் முழுவதும் அடங்கும். அந்தப் பிரிவின் எண்ணை அப்படியே டெக்ஸாஸ் தலையில் எழுதினால், ஏறினாலும் இறங்கினாலும் கணக்கு தவறுதான்.

இதையெல்லாம் திருத்திய பிறகுதான் உண்மையான கேள்விக்கு வரலாம்: எண்ணிக்கை குறைந்தது யாரால்? 2023 டிசம்பரில் எல்லைக் காவல் படை ஏறக்குறைய இரண்டரை லட்சம் பேரைப் பிடித்தது, அதுதான் உச்சம். டெல் ரியோ பிரிவில் மட்டும் 70 ஆயிரத்துக்கு மேல். அடுத்த மாதமே அங்கு 20 ஆயிரத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. அந்த ஜனவரி 10 அன்றுதான் அதே பிரிவில் உள்ள ஈகிள் பாஸ் ஊரின் ஆற்றோர ஷெல்பி பூங்காவை மாநிலம் கைப்பற்றி, ஒன்றியப் படையையே உள்ளே விடாமல் பூட்டியது. அபாட் ஆதரவாளர்கள் காட்டும் மிக வலுவான சான்று இது. ஒதுக்கித் தள்ள முடியாது.

ஆனால் 2023 டிசம்பர் கடைசியில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் மெக்ஸிகோ போய்ப் பேசிவந்தார். அதன் பிறகு மெக்ஸிகோ தன் ரயில்களிலும் நெடுஞ்சாலைகளிலும் ஆட்களைப் பிடித்துத் தெற்கே திருப்பி அனுப்பத் தொடங்கியது. அரிசோனாவின் டூசான் பிரிவும் அதே மாதத்தில் 80 ஆயிரத்திலிருந்து 50 ஆயிரத்துக்கு இறங்கியது. அங்கே டெக்ஸாஸ் மாநிலம் போட்ட முள்கம்பியும் இல்லை, பூங்காவும் பூட்டப்படவில்லை. ஆக, பொதுவான சரிவுக்குக் காரணம் மெக்ஸிகோ. டெல் ரியோவில் சரிவு கூடுதலாக இருந்ததில் டெக்ஸாஸின் பங்கும் இருக்கலாம். கடப்பவர்கள் வேறு மாநிலப் பக்கம் நகர்ந்ததும் அதில் சேர்த்தி. 2024 ஏப்ரலில் கலிஃபோர்னியாவின் சான் டியேகோதான் முதலிடத்தில் இருந்தது. 2024 ஜூனில் பைடன் புகலிட விண்ணப்பத்துக்குக் கட்டுப்பாடு விதித்ததும், 2025 ஜனவரியில் ட்ரம்ப் வந்ததும் அடுத்தடுத்த சரிவுகள். 2025 பிப்ரவரியிலிருந்து மாதந்தோறும் 10 ஆயிரத்துக்கும் கீழே. அபாட் ஆளும் டெக்ஸாஸிலும் இறங்கியது, ஜனநாயகக் கட்சியினர் ஆளும் அரிசோனாவிலும் கலிஃபோர்னியாவிலும் இறங்கியது. ஒரு மாநில ஆளுநர் தன் பெயரில் எழுதிக்கொள்ளக்கூடிய இறக்கம் அல்ல அது. இதே அளவுகோலை மறுபுறமும் வைக்க வேண்டும்: 2021 முதல் 2023 வரை ஏறியதற்கும் அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

போதைப்பொருள் கணக்கும் இப்படித்தான். "50 கோடி உயிரைப் பறிக்கும் அளவு ஃபென்டனிலைப் பிடித்தோம்" என்று சொன்னால் மலைப்பாக இருக்கும். 2 மில்லிகிராம் ஆளைக் கொல்லலாம் என்ற அளவை வைத்துப் பெருக்கிய எண் அது. எடையில் சொன்னால் 1,000 கிலோ. எடையைக் கேளுங்கள், பிடித்த இடத்தையும் கேளுங்கள். எல்லையில் பிடிபடும் ஃபென்டனிலில் பெரும்பகுதி முறையான எல்லைச் சோதனைச் சாவடி வழியாக வண்டிகளில் வருவது. இந்தக் குற்றத்தில் 2021இல் ஒன்றிய நீதிமன்றங்களில் தண்டனை பெற்றவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் அமெரிக்கக் குடிமக்கள். ஆற்றில் நீந்தி வருபவரைத் தடுத்தால் ஃபென்டனில் நிற்கும் என்ற வாதம் இங்கேயே உடைகிறது. லோன் ஸ்டார் கைதுக் கணக்கும் ஒருமுறை சோதனைக்கு உள்ளானது. எல்லைக்குச் சம்பந்தமில்லாத குற்றங்களும் அதில் சேர்ந்திருப்பதைப் பத்திரிகையாளர்கள் 2022இல் சுட்டிக்காட்டியபோது, 2,000க்கு மேற்பட்ட குற்றச்சாட்டுகளை மாநிலமே பட்டியலிலிருந்து நீக்கியது.

பணம் எங்கே போனது

மாநிலச் சுவர்தான் இதில் கண்ணுக்குத் தெரியும் பகுதி. 805 மைல் என்று திட்டம். 300 கோடி டாலர் அளவுக்கு ஒதுக்கீடு. 2025இல் சட்டமன்றம் புதிதாகப் பணம் ஒதுக்காமல் விட்டபோது எழும்பியிருந்தது சுமார் 65 மைல். காரணம் நிலம். கலிஃபோர்னியா முதல் நியூ மெக்ஸிகோ வரை எல்லையோரம் 60 அடி அகலத்துக்கு ஒன்றிய அரசு 1907இலேயே நிலத்தை ஒதுக்கி வைத்துவிட்டது. டெக்ஸாஸில் ஆற்றங்கரை பெரும்பாலும் தனியார் பட்டா நிலம். சுவருக்காக நிலத்தைக் கட்டாயமாகக் கையகப்படுத்தக் கூடாது என்று சட்டமன்றமே விதி வைத்தது. ஆகவே எந்தப் பண்ணைக்காரர் ஒப்புக்கொண்டாரோ அங்கேதான் சுவர், ஆள் கடக்கும் இடத்தில் அல்ல. துண்டு துண்டாக நிற்கும் சுவரைச் சுற்றி நடந்து போகலாம். இன்னொரு சிக்கலும் உண்டு. வெள்ளநீர் மெக்ஸிகோ பக்கம் திரும்பாதபடி சுவரை ஆற்றிலிருந்து தள்ளிக் கட்ட வேண்டும். சுவரைத் தொடும்போதே ஒருவர் அமெரிக்க மண்ணில்தான் நிற்கிறார்.

2022 ஏப்ரலில் நடந்த லாரிச் சோதனையையும் மறக்கக் கூடாது. மெக்ஸிகோவிலிருந்து வரும் சரக்கு லாரிகள் அனைத்தையும் மாநிலப் போலீஸ் மறுபடி சோதிக்க வேண்டும் என்று அபாட் உத்தரவிட்டார். சரக்கைத் திறந்து பார்க்கும் அதிகாரம் ஒன்றியச் சுங்கத்துறைக்குத்தான். மாநிலப் போலீஸ் பிரேக், டயர், விளக்கு போன்ற வண்டியின் பாதுகாப்பைத்தான் பார்க்கலாம். 4,000க்கு மேற்பட்ட லாரிகளைப் பார்த்தும் போதைப்பொருளும் சிக்கவில்லை, ஒளிந்துவந்த ஆட்களும் சிக்கவில்லை. சில பாலங்களில் 30 மணி நேரம் வரை காத்திருப்பு, லாரியிலேயே அழுகிய காய்கனி. 4 மெக்ஸிகோ மாநில ஆளுநர்களிடம் ஒப்பந்தக் கையெழுத்து வாங்கிய பிறகு, சில நாளிலேயே உத்தரவு விலக்கப்பட்டது.

எல்லை கடந்து வந்தவர்களை வேறு மாநில நகரங்களுக்கு அனுப்பிய பேருந்துகளைப் பற்றிய பேச்சில் ஒரு குழப்பத்தைத் திருத்தியாக வேண்டும். மாசசூசெட்ஸின் மார்த்தாஸ் வினியார்டு தீவுக்கு விமானத்தில் ஆட்களை அனுப்பியது ஃபுளோரிடா ஆளுநர் டிசான்டிஸ். அபாட் அனுப்பியவை வாஷிங்டன், நியூயார்க், சிகாகோ, டென்வர் போன்ற நகரங்களுக்குப் பேருந்துகள். ஒரு லட்சம் பேருக்கு மேல் அவற்றில் போனார்கள். 28 ஆயிரம் பேர் வாழும் ஈகிள் பாஸுக்கு அது உண்மையான சுமைக்குறைப்பு. ஆனால் போனவர்கள் ஒன்றிய அதிகாரிகள் ஏற்கெனவே பதிவு செய்து, விசாரணைக்கு வரச் சொல்லி விட்டவர்கள். ஆகவே பேருந்தை எல்லைப் பாதுகாப்பு என்ற தலைப்பின் கீழ் எழுதுவது பொருந்தாது.

உயிர்க்கணக்கைப் பெரும்பாலோர் பேசுவதே இல்லை. லோன் ஸ்டார் கவுண்டிகளில் முதல் 29 மாதத்தில் போலீஸ் துரத்தல்களில் குறைந்தது 74 பேர் இறந்ததாக ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பு கணக்கிட்டது. வழியில் போன பொதுமக்களும் அவர்களில் உண்டு. வேகத்துக்கு உச்சவரம்பு வைப்பதும், வண்டிக்குள் ஆள் நிறைந்திருந்தால் துரத்தலைக் கைவிடச் சொல்வதும் முழுக்க முழுக்க மாநிலத்தின் கையில் உள்ள முடிவு. ஆளுநரை எதில் கேள்வி கேட்கலாம் என்றால், முதலில் இதில்.

தொடாமல் விட்ட அதிகாரம்

மாநிலத்துக்குச் சந்தேகமின்றி உள்ள இன்னொரு ஆயுதம் வேலை கொடுப்பவரைப் பிடிப்பது. எல்லா நிறுவனங்களும் ஈ-வெரிஃபை என்ற ஒன்றிய அரசின் இணையவழி முறையில், ஆளுக்கு வேலை செய்யும் உரிமை உண்டா என்று சரிபார்த்தே வேலைக்கு எடுக்க வேண்டும் என்ற சட்டத்தை அரிசோனா 2007இல் இயற்றியது. உச்ச நீதிமன்றம் 2011இல் அதை ஏற்றுக்கொண்டது. ஃபுளோரிடா 2023இல் 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனங்களுக்கு அதைக் கட்டாயமாக்கியது. டெக்ஸாஸில் 2015இலிருந்து அரசுத் துறைகளுக்குக் கட்டாயம், தனியார் நிறுவனங்களுக்குப் பொதுவாக இல்லை. தனியார் நிறுவனங்களுக்கும் நீட்டிக்கும் மசோதா 2025இல் செனட்டில் நிறைவேறி, கீழவையில் நின்றுபோனது. கட்டுமானம், பண்ணை, இறைச்சிக்கூடம் என்று இந்த உழைப்பில் ஓடும் தொழில்கள் அங்கே பெரியவை. எல்லைக்காக 1,100 கோடி டாலர் செலவழிக்க மனம் வந்த மாநிலம், வேலையிடத்தில் இதைக் கட்டாயமாக்காமல் விட்டது எங்கள் பார்வையில் இந்தப் பதிவேட்டின் மிகப் பெரிய ஓட்டை. அபாட் ஆதரவாளரும் எதிர்ப்பாளரும் வேட்பாளர் கூட்டங்களில் தயங்காமல் கேட்க வேண்டிய கேள்வி இது.

கேட்பவர்கள் அதன் நடைமுறையையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். வேலையில் சேர்ந்த 3 வேலை நாளுக்குள் ஊழியரின் பெயர், பிறந்த தேதி, சமூகப் பாதுகாப்பு எண் ஆகியவற்றை நிறுவனம் பதிய வேண்டும். இன்னொருவரின் உண்மையான எண்ணைக் கடன் வாங்கிச் சேருபவர் இதில் தப்பிவிடுவார்; முறையாக வந்தவர் சில நேரம் மாட்டிக்கொள்வார். குறிப்பாக, முதலெழுத்தோடு ஒற்றைப் பெயர் வைத்திருக்கும் தமிழர்கள். பாஸ்போர்ட்டில் ஒரு வரிசை, விசாவில் வேறு வரிசை, சமூகப் பாதுகாப்பு அட்டையில் மூன்றாவது வரிசை என்றிருந்தால் 'பொருந்தவில்லை' என்று வரும். அப்படி வந்தால் அந்த முடிவை எதிர்த்து முறையிடப்போவதாக உடனே நிறுவனத்திடம் எழுத்தில் சொல்ல வேண்டும். 8 ஒன்றிய வேலை நாளுக்குள் சமூகப் பாதுகாப்பு அலுவலகத்தையோ உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையையோ அணுக வேண்டும். அந்த விவகாரம் முடியும் வரை, அதைக் காரணம் காட்டி நிறுவனம் வேலையை விட்டு நீக்க முடியாது. படிப்பு முடித்து ஸ்டெம் ஓபிடி நீட்டிப்பில் (அறிவியல், தொழில்நுட்பம் படித்த வெளிநாட்டு மாணவர்களுக்கான வேலை அனுமதி நீட்டிப்பு) இருக்கும் பிள்ளைகளின் நிறுவனங்கள் ஏற்கெனவே இந்த முறையில் சேர்ந்திருக்க வேண்டும் என்பது விதி. அவர்கள் சட்டம் மாறும் வரை காத்திருக்காமல், மூன்று ஆவணங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெயரை எழுத்து எழுத்தாக இப்போதே ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வது நல்லது.