சீரியல் போர்ட்: துறையா, துறைமுகமா?

பூத்துறையிலிருந்து வந்த பையன் விரித்துக் காட்டிய சார்ட்டில் கொட்டை எழுத்தில் இருந்தது: ‘ஆர்டுயினோவில் கூடுதல் தொடர் துறைமுகங்கள்’. பள்ளி அறிவியல் கண்காட்சிக்காம். ஆர்டுயினோ என்ற, நிரல் எழுதி இயக்கும் சிறு மின்னணுப் போர்டை வைத்து, வள்ளம் எங்கே நிற்கிறது என்று கரைக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் கருவி செய்திருந்தான். செல்போன் கோபுரம் எட்டுகிற தூரம் வரைதான் அனுப்பும், அது வேறு கதை. ‘சீரியல் போர்ட்’ என்பதை, அதாவது கருவிக்குள் தகவல் வரிசையாக வந்துபோகும் இணைப்பை, போனே இப்படி மொழிபெயர்த்துக் கொடுத்ததாம். வீட்டில் அவன் அப்பா பார்த்துவிட்டு, “எந்தத் துறைமுகம்லே, தேங்காப்பட்டணமா?” என்று கேட்டிருக்கிறார்.

சரியான கேள்வி. துறைமுகம் என்றால் அலைத்தடுப்புச் சுவர், படகணையும் தளம் எல்லாம் வேண்டும். துறைக்கு அதெல்லாம் வேண்டாம். தண்ணீரில் இறங்கவும் ஏறவும் தோதான ஓர் இடம் இருந்தால் போதும். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இதற்கு அகராதி புரட்ட வேண்டியதில்லை. இரயுமன்துறை, பூத்துறை, சின்னத்துறை, மார்த்தாண்டன்துறை என்று ஊர்ப்பெயர்களே வரிசையாக நிற்கின்றன. அங்கெல்லாம் வள்ளத்தை மணலில் இழுத்தேற்றித்தான் பழக்கம். குழித்துறையில் கடலே கிடையாது, ஆறுதான். அதுவும் துறைதான்.

இனி ஆங்கிலத்துக்கு வருவோம். லத்தீனில் ‘போர்ட்டுஸ்’ என்றால் துறைமுகம், ‘போர்ட்டா’ என்றால் வாசல். இரண்டும் ஒரே வேரில் கிளைத்தவை. மின்கருவியில் கம்பி செருகும் போர்ட், வாசல் வழியாக வந்தது. அந்தக் கணக்கில் ‘வாயில்’ என்பதுதான் நேர்ப்பொருள். ஆனாலும் என் ஓட்டு துறைக்கே. வாயில் என்றால் கண்முன் வருவது ஒரு திறப்பு மட்டும். துறையிலோ சரக்கு இறங்குகிறது, ஏறுகிறது. ஆர்டுயினோ போர்டில் தகவல் வாங்கும் ஆர்எக்ஸ் முனை இறக்குகிறது, அனுப்பும் டிஎக்ஸ் முனை ஏற்றுகிறது.

‘சீரியல்’ இன்னும் சுவையானது. லத்தீன் ‘சீரியஸ்’ என்பது வரிசை, சங்கிலி. கோத்தல் என்ற வினையிலிருந்து பிறந்தது. தமிழில் ‘தொடர்’ என்ற சொல்லுக்கும் பழைய பொருள் சங்கிலிதான். புறநானூறு 74-ஆம் பாடலில் சிறைப்பட்ட சேரமான் கணைக்கால் இரும்பொறை தன்னைத் ‘தொடர்ப்படு ஞமலி’ போல, அதாவது சங்கிலியில் கட்டிய நாய் போல வைத்திருக்கிறார்கள் என்று குமுறுகிறான். இரண்டு மொழியிலும் ஒரே சங்கிலி! ஆகவே ‘தொடர் துறை’ என்ற வழக்கில் குறையே இல்லை. தொடர்கதை மாதிரிதான், நடுவே ஒற்று வேண்டாம்.

ஒரு குழப்பம் மட்டும் வரும். கிறிஸ்துமஸ் குடிலில் மாட்டும் சீரியல் லைட்டும் தொடர்தான். அதில் பல்புகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருக்கும். ஒன்று போனால் சரமே அணையும். தொடர் துறையில் வரிசையாக நிற்பவை பிட்டுகள், அதாவது 0 அல்லது 1 என்ற தகவல் துணுக்குகள். ஒரே கம்பியில் தொடக்கத்துக்கு ஒன்று, தகவலுக்கு எட்டு, முடிவுக்கு ஒன்று எனப் பத்துப் பிட் போனால் ஓர் எழுத்து. 9600 பாட், அதாவது நொடிக்கு 9600 பிட் வேகத்தில் நொடிக்கு 960 எழுத்து. பாட் என்பது தந்திப் பொறியாளர் எமில் போதோவின் பெயரிலிருந்து வந்தது. அதைத் தமிழாக்க வேண்டியதில்லை.

சரி, ‘கூடுதல்’ எதற்கு? பையனிடம் இருந்தது ஊனோ என்ற ஆர்டுயினோ போர்டு. அதன் மூளையான நுண்கட்டுப்படுத்திச் சிப்பில் வன்பொருள் தொடர் துறை ஒன்றே ஒன்று. 0, 1 முனைகளில் இருக்கிறது. அதையும் கணினிக்குப் போகும் யூஎஸ்பி பிடித்துக்கொண்டிருக்கிறது. இடம் சொல்லும் ஜிபிஎஸ்ஸுக்கு ஒன்று, குறுஞ்செய்தி அனுப்பும் ஜிஎஸ்எம்முக்கு ஒன்று என இரண்டு துறைகளை நிரல் வழியாக உண்டாக்கியிருந்தான். “தனித்தனியா வச்சா ரெண்டும் ஓடுது அண்ணே, சேத்து வச்சா ஒண்ணு ஊமையாயிருது” என்றான்.

ஆகத்தான் செய்யும். நிரல் வழியாக உண்டாக்கிய இந்த மென்பொருள் துறையில் சிப்பே ஒவ்வொரு பிட்டையும், சுமார் 104 மைக்ரோ நொடிக்கு ஒன்றாக, எண்ணி வாங்க வேண்டும். மணலில் வள்ளம் இழுக்கிற ஆளால் அதே நேரத்தில் இன்னொரு வள்ளத்துக்குக் கை கொடுக்க முடியாது. ஊனோவில் இப்படி எத்தனை துறை உண்டாக்கினாலும் ஒரு நேரத்தில் ஒன்றுதான் காது கொடுக்கும். வன்பொருள் துறையில் இந்த வேலையைத் தனிச் சுற்று பார்த்துக்கொள்ளும். வந்த எழுத்துகளைச் சிப் பிறகு அள்ளிக்கொள்ளலாம். மெகா 2560 என்ற பெரிய ஆர்டுயினோ போர்டில் அப்படி நான்கு உண்டு. ஊனோவையே வைத்துக்கொள்வதானால் எஸ்சி16ஐஎஸ்752 என்ற சிப்பைச் சேர்க்கலாம். ஐ2சி என்ற இரு கம்பி இணைப்பு வழியே இரண்டு துறை கூடும்.

மெகாவுக்கு மாற்றினோம். ஜிபிஎஸ்ஸின் டிஎக்ஸ், போர்டின் 19-ஆம் முனைக்கு, அதாவது ஆர்எக்ஸுக்குப் போனது. ஜிஎஸ்எம்முக்கு 16, 17. வரிகள் முழுசாக வரத் தொடங்கின. அப்புறம் சார்ட்டை எடுத்தான். மறுபடி எழுதப் பொறுமை இல்லை. ‘துறைமுகங்கள்’ என்பதில் ‘முகங்’ மேல் மட்டும் ஒரு துண்டு வெள்ளைத்தாளை ஒட்டினான். துறைகள் ஆகிவிட்டது, நடுவில் கொஞ்சம் இடைவெளியோடு.