சைலன்சரை மாற்றியதும் காருக்குள் ஏன் உறுமுகிறது?

டொராண்டோவிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "1990களில் வந்த பழைய மாஸ்டா மியாட்டா ஒன்று வாங்கியிருக்கிறேன். சைலன்சர் துருப்பிடித்து ஓட்டை விழுந்துவிட்டது. ஸ்போர்ட்ஸ் சைலன்சர் வாங்கி வீட்டிலேயே மாட்டலாமா? பேக் பிரஷர் குறைந்தால் இழுவை போய்விடும் என்கிறார்களே, உண்மையா?"

தாராளமாக மாட்டலாம். பேக் பிரஷர், அதாவது வெளியேறும் புகைக்குக் குழாய் கொடுக்கும் எதிரழுத்தம், பற்றிய பயத்தைப் பிறகு கவனிப்போம். அதைவிடப் பெரிய தொல்லை ஒன்று காத்திருக்கிறது. புதுச் சைலன்சரோடு நெடுஞ்சாலையில் ஏறி 100 கிலோமீட்டர் வேகத்தில் நிலைத்தவுடன், காருக்குள் ஓர் அடித்தொண்டை உறுமல் கிளம்பும். அரை மணி நேரத்தில் தலைவலி வந்துவிடும். சைலன்சர் மட்டமானது என்பதல்ல காரணம்; அலையின் நீளம்தான் காரணம்.

முதலில் கழற்றும் வேலை. எஞ்சினின் நான்கு சிலிண்டர்களிலிருந்து வரும் குழாய்கள் மேனிஃபோல்டில் ஒன்றுசேர்ந்து, கேட்டலிடிக் கன்வெர்ட்டர் வழியாக நடுக்குழாய்க்கும் கடைசியில் சைலன்சருக்கும் போகின்றன. நாம் மாற்றப்போவது கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ளதை மட்டும். கன்வெர்ட்டரை எடுத்துவிட்டு வெறும் குழாய் போடும் யோசனை வேண்டாம். சட்டச் சிக்கல் ஒருபுறம். உள்ளே பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய பீங்கான் தேன்கூடுதான் புகையின் நச்சைக் குறைக்கிறது; அந்த வேலையை வேறெதுவும் செய்யாது. அதன்மேல் சுத்தியலும் படக்கூடாது, பீங்கான் நொறுங்கிவிடும்.

காரைத் தூக்க முன்பக்கம் நடு கிராஸ்மெம்பரிலும் (குறுக்குச் சட்டம்) பின்பக்கம் டிஃபரன்ஷியலிலும் (பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் பெட்டி) ஜாக்கியை வைக்கலாம். கியர்பாக்ஸையும் டிஃபரன்ஷியலையும் இணைக்கும் நீண்ட அலுமினியச் சட்டத்தில் மட்டும் வைக்காதீர்கள், வளைந்துவிடும். நான்கு ஸ்டாண்டுகளையும் பக்கவாட்டு விளிம்பில் அதற்கென உள்ள இடங்களில் நிறுத்தி, காரைக் கையால் உலுக்கிப் பார்த்த பிறகே அடியில் படுக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பிப் படுப்பது தற்கொலைக்குச் சமம். பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம், துருச்செதில் நேராகக் கண்ணில்தான் விழும்.

குழாய் இணைப்பு நட்டுகள் பெரும்பாலும் 14 மி.மீ. சாக்கெட்டுக்கு இணங்கும். ஆறுமுனை சாக்கெட்டையே எடுங்கள். பன்னிரண்டு முனை சாக்கெட் அரித்த நட்டின் விளிம்பை வழித்துவிடும். முந்தைய இரவே துருநீக்கி எண்ணெயைத் தாராளமாகத் தெளித்து ஊறவிடுங்கள். மறுநாள் உடனே கழற்றும் திசையில் வெறிகொண்டு இழுக்காமல், முதலில் இம்மியளவு இறுக்கி, பிறகு தளர்த்தி, மறுபடி இறுக்கி என முன்னும் பின்னும் அசைத்தால் துரு பொடியாகி மரையிலிருந்து உதிரும். துரு என்பது, தான் தின்ற இரும்பைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் இடம் பிடிக்கும் பொருள். மரைக்கு நடுவே அது ஆப்பு அடித்தாற்போல் உட்கார்ந்திருப்பதால்தான் நட்டு மறுக்கிறது.

அதற்கும் அசையாவிட்டால் வெப்பம். எஃகு ஒவ்வொரு டிகிரிக்கும் மில்லியனில் 12 பங்கு விரியும். நட்டை மட்டும் 500 டிகிரி சூடாக்கினால் 10 மி.மீ. துளை ஏறக்குறைய 0.06 மி.மீ. அகலும். கேட்க அற்பமாகத் தெரியும், துருவின் பிடியை உடைக்க அது போதும். தீயை நட்டின்மேல் காட்டுங்கள், அது ஏறியிருக்கும் ஸ்டட் எனும் மரைத்தண்டின்மேல் அல்ல. இரண்டும் சேர்ந்து சூடானால் இரண்டும் சேர்ந்தே விரியும், பலனில்லை. தெளித்த எண்ணெயை முழுக்கத் துடைத்த பிறகே தீப்பந்தத்தை எடுக்க வேண்டும். பெட்ரோல் குழாயும் அடிப்பகுதியில்தான் ஓடுகிறது என்பதால் தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். ஸ்டட் முறிந்தால் ஒப்பாரி வேண்டாம். ஃபிளேஞ்சில் (குழாய்முனையின் இணைப்புத் தகட்டில்) மிச்சமுள்ளதை அறுத்து, 10.5 மி.மீ. துளையாகப் பெருக்கி, எம்10 (10 மி.மீ.) போல்டும் நட்டும் ஊடாகப் போட்டுவிடலாம். அடுத்த முறை கழற்றவும் அதுவே சுலபம்.

குழாயைத் தொங்கவிடும் ரப்பர் ஹேங்கர்களைக் கழற்றச் சோப்புத் தண்ணீர் போதும். பெட்ரோலிய எண்ணெய் தடவினால் ரப்பர் ஊதிப்போகும். பழைய குழாய் எப்படியும் குப்பைக்குத்தான் என்றால் நடுவில் அறுத்து இரண்டாக எடுங்கள், மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

எடுத்த சைலன்சரைக் குலுக்கிப் பாருங்கள், உள்ளே துருத்தூள் கலகலக்கும். வெளியிலிருந்து சாலை உப்பு அரித்தது பாதிதான். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. குளிர்நாட்டில் ஐந்து நிமிட ஓட்டத்தில் சைலன்சர் சூடாவதில்லை. நீராவி அமிலத்தோடு சேர்ந்து உள்ளேயே தங்கிவிடும். பல சைலன்சர்களின் அடியில் இருக்கும் சிறு துளை அந்தத் தண்ணீர் வடியத்தான். அதைக் கசிவு என்று நினைத்து வெல்டிங் வைத்து அடைத்தவர்கள் உண்டு.

இனி உறுமலுக்கு வருவோம். நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு வெடிப்பு. முதல் தலைமுறை 1.6 லிட்டர் மியாட்டா 100 கிலோமீட்டர் வேகத்தில், ஐந்தாம் கியரில், நிமிடத்துக்குச் சுமார் 3,200 முறை சுற்றும். நொடிக்கு 107 வெடிப்பு, அதாவது 107 ஹெர்ட்ஸ். அந்த அலை எவ்வளவு நீளம்? காற்றில் ஒலியின் வேகம் வெப்பநிலையைப் பொறுத்தது. 27 டிகிரி செல்சியஸில் நொடிக்கு 347 மீட்டர். புகைக்குழாயின் 300 டிகிரி வாயுவில் 480 மீட்டர். 480ஐ 107ஆல் வகுத்தால் நாலரை மீட்டர். காரைவிட நீளமான அலை!

ஸ்போர்ட்ஸ் சைலன்சர்களில் பெரும்பாலானவை நேர்க்குழாய். துளையிட்ட குழாயைச் சுற்றிக் கண்ணாடி இழை அடைத்திருக்கும். 1,000 ஹெர்ட்ஸ் கூச்சலின் அலைநீளம் அரை மீட்டர் அளவுதான், இழை அதை அழகாக உறிஞ்சிவிடும். நாலரை மீட்டர் அலைக்கோ அந்த நான்கைந்து சென்டிமீட்டர் இழை இருப்பதே தெரியாது. கீச்சு அடங்கி உறுமல் மட்டும் மிஞ்சுவது இதனால்தான். கம்பெனி சைலன்சர் வேறு வழியில் போகிறது: அறை அறையாகப் பிரித்து, அலையை முட்டித் திரும்பவைத்து, வரும் அலையோடு மோதவிடுகிறது.

அதே உத்தியை ஒற்றைக் குழாயில் செய்து காட்டுவதுதான் கால்அலைக் குழாய். இயற்பியலில் இவ்வளவு சிக்கனமான கருவிகள் குறைவு. பிரதான குழாயின் பக்கவாட்டில் ஒரு கிளைக்குழாயை வெல்டிங் செய்து அதன் மறுமுனையை மூடிவிடுகிறோம். அவ்வளவுதான். நகரும் பாகம் இல்லை, இழை இல்லை, வாயு அதன் வழியே போவதுகூட இல்லை. கிணற்றுக்குள் குரல் கொடுத்தால் அடியில் பட்டுத் திரும்புவதுபோல, கிளைக்குள் நுழைந்த அழுத்த அலை மூடிய முனையில் பட்டுத் திரும்புகிறது. கிளையின் நீளம் அலைநீளத்தில் கால் பங்கு என்றால், போக ஒரு கால், வர ஒரு கால், மொத்தம் அரை அலை தாமதம். அலையின் மேடு திரும்பி வாசலுக்கு வரும் நொடியில், பிரதான குழாயில் பள்ளம் வந்து நிற்கிறது. மேடும் பள்ளமும் கூடினால் பூஜ்யம்.

ஆற்றல் எங்கே போயிற்று என்று கேட்பவருக்குச் சபாஷ். அது அழியவில்லை. சந்திப்பில் அழுத்தம் ஏறக்குறைய பூஜ்யத்தில் கட்டுண்டுவிடுவதால், 107 ஹெர்ட்ஸ் அலை அங்கேயே முட்டி எஞ்சின் பக்கம் திருப்பி அனுப்பப்படுகிறது. கிளைக்குழாய் ஒலியைத் தின்பதில்லை, வழிமறிக்கிறது. அதுவும் அந்த ஒரு சுருதியையும் அதன் மூன்று மடங்கு, ஐந்து மடங்கையும்தான். இரண்டு மடங்கு சுருதி தடையில்லாமல் போகும். ஆகவே உறுமல் மட்டும் போய், காரின் குரல் அப்படியே இருக்கும்.

செய்து பார்ப்பவர்கள் சறுக்குவது வெப்பநிலையில். 480 மீட்டர் என்று கணக்குப் போட்டால் கிளை 1.12 மீட்டர் வரும். அறைவெப்பத்தில் போட்டால் 0.81 மீட்டர். உண்மை நடுவில் இருக்கிறது. கிளைக்குள் வாயு ஓடாமல் தேங்கி நிற்பதால் அது பிரதான குழாயைவிட ஆறியிருக்கும். 150 டிகிரி என்று வைத்தால் 0.96 மீட்டர். எனவே 1.1 மீட்டரில் தொடங்கி, மூடியைத் தற்காலிகமாகப் பொருத்தி, ஓட்டிப் பார்த்து, மூன்று மூன்று சென்டிமீட்டராகக் குறைத்து வாருங்கள். குறைப்பது சுலபம், கூட்டுவது கஷ்டம். கிளையின் விட்டம் பிரதான குழாயின் அளவுக்கு இருக்கட்டும். சிறுத்தால் அது அடக்கும் சுருதியின் அகலமும் சிறுத்துவிடும். இடம் போதாவிட்டால் மடக்கி வளைக்கலாம், இவ்வளவு நீண்ட அலை வளைவைப் பொருட்படுத்தாது.

இந்தத் துறையின் கணக்குகளை உலகத்துக்குப் பாடநூலாகத் தந்தவர்களில் முக்கியமானவர் பெங்களூரு இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர் எம். எல். முன்ஜால், அவருடைய நூல் 1987இல் வந்தது. ஹாரன் இரைச்சலில் வாழும் நாடு இந்த ஆராய்ச்சிக்குக் கொட்டிக் கொடுத்திருக்க வேண்டும். சத்தமில்லாமல் செய்யும் வேலைக்கு நிதி கேட்பது இங்கே எப்போதும் கஷ்டம்தான்.

இப்போது பேக் பிரஷர். எந்த எஞ்சினுக்கும் அது தேவையில்லை. புகையை வெளியே தள்ள பிஸ்டன் கூடுதலாக உழைப்பது நட்டமே. அப்படியானால் அகலக் குழாய் போட்டவர்கள் இழுவை குறைந்தது என்பது பொய்யா? பொய்யில்லை, காரணம்தான் தப்பு. எக்ஸாஸ்ட் வால்வு திறந்ததும் கிளம்பும் அழுத்த அலை, குழாய்கள் ஒன்றுசேரும் அகன்ற இடத்தில் தாழ்வழுத்த அலையாகப் பிரதிபலித்துத் திரும்புகிறது. வால்வு மூடுமுன் வந்துசேர்ந்தால் மிச்சப் புகையை உறிஞ்சி இழுத்துவிடும். மேனிஃபோல்டின் நீளமும் விட்டமும் கெட்டால் அந்த உதவி போய்விடும். இதெல்லாம் கன்வெர்ட்டருக்கு முன்னால் நடக்கும் சங்கதி. பின்னால் சைலன்சரை மாற்றுவதால் இழுவை போகாது. ஒன்றிரண்டு குதிரைத்திறனுக்கு மேல் கூடவும் செய்யாது. சத்தம் கூடியதை வேகம் கூடியதாக நினைப்பது, ராகுகாலம் பார்த்துக் கிளம்பியதால்தான் விபத்து நடக்கவில்லை என்பதைப் போன்ற கணக்கு.

அதே தாழ்வழுத்த அலை இன்னொரு வேலையும் செய்யும். புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் சிறு கசிவு இருந்தால், புகை வெளியேறுவது மட்டுமல்ல, அலையின் பள்ளத்தில் வெளிக்காற்று உள்ளே புகும். சென்சார் ஏமாந்து, பெட்ரோல் போதவில்லை என்று சொல்ல, எஞ்சின் கணினி வீணாகப் பெட்ரோலைக் கூட்டும். ஆகவே இணைப்புகளுக்கு நடுவே கசிவைத் தடுக்கும் பழைய கேஸ்கெட்டை மறுபடி போடாதீர்கள். சாதாரண சிலிக்கான் பசையும் கூடாது, அதன் ஆவி சென்சாரைக் கொல்லும்.

மாட்டும்போது எல்லா நட்டையும் கையால் மட்டும் ஏற்றி, குழாயை ஹேங்கர்களில் தொங்கவிட்டு, நேராக்கி, அதன் பிறகு முன்னாலிருந்து பின்னோக்கி இறுக்குங்கள். எம்10க்கு 40 முதல் 50 நியூட்டன் மீட்டர். துருப்பிடிக்காத எஃகு நட்டும் போல்டும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும், அதனால் நிக்கல் கலந்த ஆன்ட்டி-சீஸ் பசை தடவ வேண்டும். எஞ்சின் ஆறியிருக்கையில் வால்குழாயில் வேக்குவம் கிளீனரின் ஊதுமுனையை வைத்து, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளித்தால் கசிவு குமிழியாகக் காட்டிக்கொடுக்கும். குளிருக்குப் பயந்து கராஜ் கதவை மூடிக்கொண்டு எஞ்சினை ஓட்டிப் பார்க்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமுமில்லை, வாடையுமில்லை.

இடைவெளியையும் அளந்துவிடுங்கள். 304 ரகத் துருப்பிடிக்காத எஃகில் இரண்டரை மீட்டர் குழாய் 300 டிகிரி சூடேறினால் 13 மி.மீ. நீளும். ஆறியிருக்கும்போது வால்குழாய் பம்பரிலிருந்து ஒரு விரல் அகலம் தள்ளியிருந்தது, ஓட்டிவந்ததும் பம்பர் உருகியிருக்கிறது என்ற புகாருக்குக் காரணம் இதுதான். முதல் ஓட்டத்தில் குழாய்மேல் பூசிய எண்ணெய் எரிந்து கால்மணி நேரம் புகையும், அது ஒன்றுமில்லை. மூன்று நான்கு முறை சூடாகி ஆறிய பிறகு நட்டுகளை இன்னொரு முறை அதே அளவுக்கு இறுக்கிப் பாருங்கள். கேஸ்கெட் அமுங்கிக் கொஞ்சம் தளர்ந்திருக்கும்.