ஹார்மனி: ஒத்திசைவு அல்ல, புணர்ப்பு

பாப் இசையைப் பற்றித் தமிழில் எதைப் படித்தாலும் ‘ஹார்மனி’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ‘ஒத்திசைவு’ வந்து நிற்கிறது. பீட்டில்ஸின் ஒத்திசைவு, பீச் பாய்ஸின் மயக்கும் ஒத்திசைவு, எவர்லி சகோதரர்களின் குரல் ஒத்திசைவு. அண்மையில் ஓர் இசை ஆவணப்படத்தின் தமிழ்த் துணைவரி இன்னும் ஒரு படி மேலே போய், ‘இங்கே நல்லிணக்கத்தைக் கவனியுங்கள்’ என்றது. திரையில் மூன்று பேர் பாடுகிறார்கள், அடியில் அமைதிக் குழுக் கூட்டம் நடக்கிறது. இதையாவது சிரித்துவிட்டு விட்டுவிடலாம். அகராதியில் கண்ணில் பட்ட முதல் பொருளை எடுத்துப் போட்ட அவசரம் அது. ஒத்திசைவு அப்படியில்லை. சரியான சொல்லைப் போலவே காதில் விழுகிறது. அதனால்தான் யாரும் அதைக் கேள்வி கேட்பதில்லை.

ஹார்மனி என்ற சொல்லின் வரலாறு சுருக்கமானது. கிரேக்கத்தில் ‘ஹார்மோனியா’ என்றால் பொருத்து, மூட்டு. ஹோமரின் ஒடிசியில் ஒடிசியஸ் கடல் கடக்க மரங்களை முளையடித்துப் பிணைக்கும் இடத்தில் இந்தச் சொல் வருகிறது. பிறகு இசைக்குள் நுழைந்து சுரவரிசை, தந்திகளைச் சுருதி கூட்டும் முறை என்றெல்லாம் பொருள் பட்டது. ஐரோப்பாவில் பல குரல் பாடல் வளர்ந்த பிறகுதான் இன்றைய பொருள் அதில் ஏறியது. லத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. 1842-இல் பாரிசில் டெபேன் என்பவர் காப்புரிமை பெற்ற இசைப்பெட்டிக்கும் இதே வேரில் பெயர் வைத்தார். நம் ஊர் ஆர்மோனியம் அதன் வழியில் வந்ததுதான். அதில் நாம் பெரும்பாலும் ஒற்றைச் சுரமாகவே வாசித்தோம் என்பது தனி வேடிக்கை. சொல்லின் அடியில் ‘ஒப்புதல்’ இல்லை, ‘பொருத்து’ இருக்கிறது என்பதை மட்டும் இங்கே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்று ஹார்மனி என்றால் என்ன? ஒரே நேரத்தில் ஒலிக்கும் வெவ்வேறு சுரங்களுக்குள் உள்ள உறவு, அப்புறம் அந்த உறவு அடுத்த கணம் எங்கே நகர்கிறது என்பது. இரண்டாவது பாதியை நம் மொழிபெயர்ப்பாளர்கள் யாரும் கண்டுகொள்வதில்லை.

இப்போது ஒத்திசைவுக்கு வருவோம். முதலில், அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே வேலை அதிகம். கைப்பேசி கணக்கோடு தகவலைச் சேர்த்துக்கொண்டால் ‘ஒத்திசைக்கிறது’. ஒரு பொருள் அதிர இன்னொன்றும் சேர்ந்து அதிர்ந்தால் சில அறிவியல் நூல்களில் அதுவும் ஒத்திசைவு. கட்டுரையில் பத்திகள் ஒன்றோடொன்று பொருந்தினால் ஒத்திசைவு, அரசுத் துறைகள் சேர்ந்து வேலை செய்தாலும் ஒத்திசைவு. இத்தனை பேருக்கு உழைத்துக் களைத்த சொல்லை இசைக்காரன் தலையிலும் கட்டுவானேன்?

சரி, நெரிசலைப் பொறுத்துக்கொள்ளலாம். பொருள்தான் பொறுக்கவில்லை. ஒத்து இசைவது என்றால் ஒருவர் சொல்வதை இன்னொருவர் ஏற்பது. நாதஸ்வரக் கச்சேரியில் பக்கத்தில் ஒருவர் ஒரே சுரத்தை விடாமல் ஊதிக்கொண்டிருப்பாரே, அந்தக் கருவியின் பெயரே ஒத்து. ‘ஒத்து ஊதுகிறான்’ என்ற வசவு எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சுருதி பிடிப்பது பெரிய காரியம், குறை சொல்லவில்லை. ஆனால் ஹார்மனி ஒத்து ஊதுவது இல்லை.

பீட்டில்ஸின் ‘இஃப் ஐ ஃபெல்’ பாடலை எடுங்கள். 1964-இல் வந்தது. லெனன் தனியாக ஓர் இடத்தில் தொடங்கி, சில வரிகளில் அரைச் சுரம் தள்ளி வேறொரு சுருதிக்கு வந்து சேர்கிறார். மெக்கார்ட்னி அங்கே மேலே ஏறிக்கொள்கிறார். இருவரும் ஒரே மைக்கில் பாடியது. லெனன் கீழே, மெக்கார்ட்னி மேலே. இதில் மெட்டு எது, துணைக்குரல் எது? நான் கீபோர்டு வாசிக்கும் குழுவில் நாலு பேரைப் பாடச் சொன்னால் இரண்டு பேர் கீழ்க்குரலைப் பாடுவார்கள், இரண்டு பேர் மேற்குரலைப் பாடுவார்கள், நால்வரும் தாங்கள் பாடியதுதான் மெட்டு என்று சாதிப்பார்கள். யாரும் யாரையும் ஒத்துப் போகவில்லை. இரண்டு தனித்தனி மெட்டுகள் பொருத்து விழும் இடங்களில் பொருந்தி, மற்ற இடங்களில் விலகி நடக்கின்றன. ஸ்டீரியோ பதிவில் மெக்கார்ட்னியின் குரல் உச்சத்தில் ஓரிடத்தில் உடையும். அதைத் திருத்தாமல் விட்டிருக்கிறார்கள். இன்றைக்கு என்றால் மென்பொருளில் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கியிருப்பார்கள். அந்த உடைசல் இல்லாத மோனோ பதிவையும் கேட்டிருக்கிறேன். எனக்கு ஸ்டீரியோதான் பிடிக்கும்.

1969-இல் அவர்களே பாடிய ‘பிகாஸ்’ இன்னும் நல்ல சாட்சி. லெனன், மெக்கார்ட்னி, ஹாரிசன் மூவரும் சேர்ந்து பாடி, அதன் மேல் இன்னும் இரண்டு முறை பாடிப் பதிந்தார்கள். ஆக ஒன்பது குரல். எலெக்ட்ரிக் ஹார்ப்சிகார்டு என்ற கட்டைக் கருவியை வாசித்தவர் அவர்களின் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின். கார்டு என்றால் ஒன்றாக ஒலிக்கும் சில சுரங்களின் கூட்டு. வரி முடியும் இடத்தில் டிமினிஷ்ட் என்ற முரணான கார்டு ஒன்றைப் பிடித்து அப்படியே தொங்க விடுகிறார்கள். காதுக்கு அது தங்கும் இடம் இல்லை, கால் வைத்தால் வழுக்கும். பாட்டின் அழகே அங்கேதான் இருக்கிறது. அந்த இடத்தைப் போய் எப்படி ‘ஒத்திசைவு’ என்பது? ஒத்திசைவு இல்லாத ஒத்திசைவு என்றா?

சிக்கலின் வேர் இதுதான். சுரங்கள் ஒத்துப் போவது ஒரு நிலை, முரண்படுவது இன்னொரு நிலை, இரண்டையும் அடக்கிய பெரிய வீடு ஹார்மனி. சிறிய அறைக்குரிய பெயரை வீட்டு வாசலில் எழுதி மாட்டிவிட்டோம். ஒத்திசைவு என்ற சொல்லை ஒத்துப்போகும் சுரங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம், அங்கே அது பிரமாதமாகப் பொருந்தும். முரணும் சுரங்களுக்கு முரணிசைவு என்று சொல்லிக்கொள்ளலாம்.

பீச் பாய்ஸ் 1966-இல் பாடிய ‘காட் ஒன்லி நோஸ்’ பாடலில் பேஸ் என்ற தாழ்ந்த குரல் கருவி, கார்டின் அடிச்சுரத்தில் உட்காராமல் வேறு சுரங்களில் நழுவிக்கொண்டே போகும். இது எந்தச் சுருதியில் இருக்கிறது என்று இசைக்காரர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். ஈ (E) என்பார் ஒருவர், ஏ (A) என்பார் இன்னொருவர். குழுவின் கார்ல் வில்சன் அதன் மேல் ஒன்றுமே நடக்காததுபோல நேராகப் பாடுகிறார். அடியில் தரை ஆடுவது தெரியாத மாதிரி ஒரு பாவனை. கடைசியில் குரல்கள் ஒன்றை ஒன்று துரத்தி, முடிவுக்கு வராமலே மங்கிப் போகின்றன. ‘மயக்கும் ஒத்திசைவு’ என்று எழுதியவர் இதில் எதைக் கேட்டார் என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.

அப்படியானால் தமிழில் என்ன சொல்வது? ‘சேர்ந்திசை’ என்பார் சிலர். இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசனின் இளைஞர் சேர்ந்திசைக் குழுவால் அது கொயர் என்ற பாடகர் குழுவுக்கு உரிய சொல்லாக ஊன்றிவிட்டது. தவிர, நூறு பேர் சேர்ந்து ஒரே சுரத்தில் பாடினாலும் சேர்ந்திசைதான். ‘இன்னிசை’ என்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை.

சிலப்பதிகாரத்தில் வேனிற்காதையைத் திறந்தால் மாதவி யாழை எடுத்துச் சரிபார்க்கும் இடம் வரும். ‘இணை கிளை பகை நட்பு என்று இந்நான்கின் இசைபுணர் குறிநிலை எய்த நோக்கி’ என்கிறார் இளங்கோ. மாதவி கார்டு வாசித்தாள் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்லும் கூட்டம் தனியாக இருக்கிறது. நான் பார்ப்பது இரண்டு விஷயம். நரம்புகளின் உறவைச் சொல்லும்போது நட்பை மட்டும் அல்ல, பகையையும் கணக்கில் சேர்த்திருக்கிறார். அந்த நாலையும் அடக்க அவர் கையாண்ட சொல் ‘புணர்’.

ஆகவே என் சொல் புணர்ப்பு. இசைப்புணர்ப்பு என்றும் சொல்லலாம், குரல்களுக்கு மட்டும் என்றால் குரற்புணர்ப்பு. பழந்தமிழ் இசையில் குரல் என்பது ஒரு சுரத்தின் பெயர், குழப்பம் வருமே என்று பண்டிதர் யாராவது கேட்பார். இடம் பார்த்துப் புரிந்துகொள்ளும் அறிவு வாசகருக்கு உண்டு.

சிரிப்பவர்களும் இருப்பார்கள். சிரிக்கட்டும். ஒன்பதாம் வகுப்பில் புணர்ச்சி விதி நடத்தும்போதும் கடைசி பெஞ்சில் இதே சிரிப்புதான், அதற்காக நன்னூலைத் திருத்திவிடவில்லை. உண்மையில் அந்த இலக்கணப் புணர்ச்சிதான் எனக்கு மிகவும் உதவுகிறது. பொன்னும் குடமும் சேர்ந்தால் பொற்குடம், மரமும் வேரும் சேர்ந்தால் மரவேர். பக்கத்தில் யார் வந்தார் என்பதைப் பொறுத்து எழுத்து திரிகிறது, கெடுகிறது, சில சமயம் அப்படியே இருக்கிறது. கீபோர்டில் வலக்கையால் ஸி-யைப் பிடித்துக்கொண்டு இடக்கையில் ஸி மேஜர் வைத்துப் பாருங்கள். பிறகு ஏ மைனர், பிறகு ஏ பிளாட் மேஜர். விரல் நகரவே இல்லை, ஆனால் அந்த ஸி மூன்று வேறு ஆளாகிவிடும். இதை ஒத்திசைவு என்ற சொல்லால் விளக்கவே முடியாது. புணர்ப்பு என்றால் தமிழ் வாத்தியார்கூடத் தலையாட்டுவார்.

இன்னொரு பொருத்தமும் உண்டு. கட்டிச் சேர்த்த தெப்பத்துக்குத் தமிழில் புணை என்று பெயர். ஒடிசியஸ் ஹார்மோனியா அடித்துக் கட்டியதும் அதைத்தானே?

நான் தூய்மைவாதி இல்லை. ஒத்திகையில் ‘இங்கே ஒரு ஹார்மனி போடு’ என்றுதான் சொல்கிறேன், நாளைக்கும் அப்படித்தான் சொல்வேன். எழுத்திலும் ஹார்மனி என்றே எழுதினால் எனக்கு வருத்தமில்லை. தமிழாக்குகிறேன் என்று உட்கார்ந்தால் மட்டும் பொருளைப் பார்த்துத் தமிழாக்குங்கள் என்கிறேன். கடன் வாங்கிய சொல்லையே நாம் ஒழுங்காக வைத்துக்கொள்வதில்லை என்பது வேறு விஷயம். மெலடி என்றால் சுரங்கள் அடுத்தடுத்து நடக்கும் மெட்டு. நமக்கோ அது மெதுவான காதல் பாட்டு. ‘ஆல்பத்தில் இரண்டு மெலடி, மூன்று குத்து’ என்று விமர்சனம் எழுதுகிறார்கள். குத்துப்பாட்டுக்கு மெட்டு இல்லையா?

கார்டுக்கு வைத்திருக்கும் பெயர் இதைவிட மோசம்: நாண். வட்டத்தில் இரு புள்ளிகளை இணைக்கும் கோட்டுக்குக் கணக்குப் புத்தகத்தில் உள்ள சொல்லை அப்படியே தூக்கி வந்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் எழுத்துக்கூட்டல் ஒன்று, பிறப்பு வேறு. கணக்கில் வருவது தந்தி என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லின் வழி. இசையில் வருவது ‘அக்கார்டு’ தலையெழுத்தை இழந்து குறுகியது. அதற்கும் தந்திக்கும் தொடர்பில்லை. சுரக்கூட்டு என்று எளிதாகச் சொல்லலாம். தமிழில் ஒரு கிட்டார் பாடக்குறிப்பில் ‘இப்போது ஜி நாணைப் பிடிக்கவும்’ என்று இருக்கிறது. கிட்டாரில் ஜி என்று ஒரு தந்தியும் இருக்கிறது. புதிதாகக் கற்கும் பையன் எதைப் பிடிப்பான்?