மலை விடுதிக் கழிவுநீருக்கு ‘ஆக்சிடேஷன்’ வேண்டுமா?

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் விடுதி நடத்துபவர்களிடம் ‘அட்வான்ஸ்டு ஆக்சிடேஷன்’ (கழிவுநீர் அழுக்கை ரசாயனத்தால் ஆக்சிஜனேற்றி உடைக்கும் முறை) விற்க வருபவர்கள் ஒரு வித்தை காட்டுவார்கள். பழுப்பு நீரில் இரண்டு திரவம் விடுவார்கள். சற்று நேரத்தில் தெளிந்துவிடும். உடனே ஆர்டர் கொடுத்துவிடாதீர்கள். நிறம் தரும் பிணைப்புதான் முதலில் அறுபடும். மூலக்கூறின் மீதிப் பகுதி கண்ணுக்குத் தெரியாமல் நீரிலேயே கிடக்கும்.

இதில் வேலை செய்வது ஹைட்ராக்ஸில் ரேடிக்கல், அதாவது ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த, மிகத் தீவிரமாக வினைபுரியும் துகள். ஓசோனின் ஆக்சிஜனேற்றத் திறன் சுமார் 2.07 வோல்ட், இந்த ரேடிக்கலுக்கு 2.8. எதிர்ப்பட்ட கரிமப் பொருளையெல்லாம் உடைக்கும், பிறந்த கணமே மறையும். அதனால் டிரம்மில் அடைத்து விற்க முடியாது, தொட்டியிலேயே உண்டாக்க வேண்டும். ஃபென்டன் என்பவர் 1894இல் எழுதிய வினை இன்றும் நடப்பில் உள்ளது: அன்னபேதியும் (இரும்பு சல்பேட்) ஹைட்ரஜன் பெராக்சைடும். ஓசோன், புறஊதா விளக்கு வழிகளும் உண்டு. கலங்கல் நீருக்குள் புறஊதா ஒளி போகாது, அதனால் விளக்கை இப்போதைக்கு மறந்துவிடலாம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாளுக்கு 10,000 லிட்டர் கழிவுநீர், லிட்டருக்கு 500 மில்லிகிராம் சி.ஓ.டி. (அழுக்கை ரசாயனத்தால் ஆக்சிஜனேற்றத் தேவையான ஆக்சிஜன் அளவு) என்றால் மொத்தம் 5 கிலோ. ஒரு கிலோ சி.ஓ.டி.க்கு ஏட்டுக்கணக்கில் 2.125 கிலோ பெராக்சைடு வேண்டும். கடையில் கிடைக்கும் 50 சதவீதக் கரைசலில் அது தினம் 21 கிலோ. அத்தனையும் மலைப்பாதையில் ஏறி வர வேண்டும். அமிலம் விட்டு பி.எச்.சை (அமில, கார அளவை) 3 வரை இறக்கி, பிறகு சுண்ணாம்பு போட்டு ஏற்ற வேண்டும். ஏற்றியதும் இரும்பு செஞ்சேறாகப் படியும். அதைச் சரிவில் கொட்டினால் ஒரு மழையில் ஓடைக்கும் குன்னூர் ஆற்றுக்கும் போய், மேட்டுப்பாளையத்தில் பவானியில் சேரும்.

குளியலறை, சமையலறைக் கழிவை நுண்ணுயிர்கள் காற்று மட்டும் வாங்கிக்கொண்டு தின்று முடிக்கும். ஊட்டியின் உறைபனி மாதங்களில் அவை மந்தமாகும் என்பது உண்மைதான். அதற்குத் தொட்டியைப் பெரிதாகக் கட்டுங்கள், நுண்ணுயிர்ச் சேற்றைக் கூடுதல் நாள் உள்ளே வைத்திருங்கள், சமையலறை எண்ணெயை முன்னாலேயே பிரியுங்கள். கேரட் கழுவிய நீர் பெரும்பாலும் மண்தான், படியவிட்டாலே போதும்.

நுண்ணுயிர் தொடாத சரக்கு என்றால் பேச்சு வேறு. மருத்துவமனை மருந்து எச்சம், சாயம், பூச்சிமருந்து டேங்க் கழுவிய நீர் ஆகியவற்றைத் தனியே பிடித்துவைத்தால் அளவும் குறைவு, ஃபென்டனும் கட்டுப்படியாகும். முழுக்க உடைக்கவும் தேவையில்லை. பாதி உடைத்து, மிஞ்சிய பெராக்சைடைப் போக்கிவிட்டு நுண்ணுயிர்த் தொட்டிக்கு அனுப்பலாம். சி.ஓ.டி.யோடு ஒப்பிட பி.ஓ.டி. (நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்னத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) பங்கு கூடியிருந்தால் உடைப்பு பலித்திருக்கிறது. தேயிலை ஃபாக்டரி கழுவுநீரில் அன்னபேதி போட்டால் மையாகக் கறுக்கும். தேயிலையின் துவர்ப்புப் பொருளான டானினும் இரும்பும் கூடிய நிறம் அது, பயப்பட வேண்டாம். ஆனால் ஜாடிகளில் வெவ்வேறு அளவு போட்டுப் பார்க்கும் ஜார் டெஸ்ட் பார்க்காமல் எவரும் அளவு சொன்னால் நம்பவும் வேண்டாம்.

உலோகத்துக்கு இது உதவாது. கொடைக்கானலில் 2001இல் மூடப்பட்ட தெர்மாமீட்டர் தொழிற்சாலை விட்டுச்சென்றது பாதரசம். அது தனிமம், எந்த ரேடிக்கலாலும் அதை அழிக்க முடியாது.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு: மிச்சப் பெராக்சைடு சி.ஓ.டி. சோதனையில் பயன்படும் டைகுரோமேட் ரசாயனத்தைச் செலவழித்து அளவைக் கூட்டிக் காட்டும். அதை நீக்கிய பிறகுதான் சோதித்தார்களா என்று லேபில் கேளுங்கள். பெராக்சைடு டிரம் மூடியில் வாயு வெளியேற வழி இருக்கும். கசிகிறதென்று துணி வைத்து அடைக்காதீர்கள். துரு பட்டால்கூட உள்ளே ஆக்சிஜன் பெருகி டிரம் வெடிக்கலாம். அன்னபேதி மூட்டையையும் அதே அறையில் வைக்க வேண்டாம்.