உங்கள் தெருக் கோரிக்கை மன்றத் தீர்மானம் ஆவது எப்படி? பகுதி சபை முதல் எம் புக் வரை

நகராட்சியில் எந்த வேலைக்கும் ஓர் எண் வேண்டும். முதலில் மனுவுக்கு எண், பிறகு நகர்மன்றக் கூட்ட அஜெண்டாவில் பொருள் எண், அது நிறைவேறினால் தீர்மான எண், டெண்டர் முடிந்ததும் வேலை உத்தரவு எண். டீக்கடையில் கவுன்சிலரைப் பார்த்து "அண்ணே, நம்ம தெரு சாக்கடையைக் கொஞ்சம் பாருங்க" என்று சொன்னால் அவரும் "பாத்துடலாம்" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பேச்சுக்கு எண் கிடையாது, எண் இல்லாததற்கு நிதி ஒதுக்க முடியாது.

கிராமங்களில் இதற்குக் கிராம சபை இருக்கிறது. நகரத்தில் குடியிருப்பவர்களுக்கும் அதே மாதிரி ஒன்று சட்டப்படி உண்டு, பெயர் பகுதி சபை. பலருக்குத் தெரியாததற்குக் காரணம், அது வந்து சேர்ந்த வேகம். நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கான 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993-லேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. ஆனால் வார்டு குழுக்களை அது கட்டாயமாக்கியது 3 லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உள்ள ஊர்களுக்கு மட்டும். சின்ன நகராட்சிகளும் பேரூராட்சிகளும் கணக்கில் வரவில்லை. தமிழ்நாட்டில் 2010-ல் சட்டத்தைத் திருத்தி வார்டு குழு, பகுதி சபை இரண்டுக்கும் இடம் கொடுத்தார்கள். விதிகள் வந்தது 2022-ல். இடையில் பன்னிரண்டு வருடம் சட்டப் புத்தகத்தில் மட்டும் இருந்த ஏற்பாடு இது. 2022 நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தன்றுதான் மாநிலம் முழுக்க முதல் பகுதி சபைகள் கூடின. இப்போது எல்லாம் 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டத்தின் கீழ் வருகின்றன. அந்தச் சட்டமும் 2023 ஏப்ரலில்தான் விதிகளோடு அமலுக்கு வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நம் ஊரில் உள்ளாட்சிச் சட்டங்களுக்குப் பொறுமை அதிகம்.

அமைப்பு எளிமையானது. ஒவ்வொரு வார்டையும் சில பகுதிகளாகப் பிரிப்பார்கள். அந்தப் பகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோருமே அந்தப் பகுதி சபையின் உறுப்பினர்கள். தனியாகப் பதிவு செய்யவோ, யாரிடமும் அழைப்பிதழ் வாங்கவோ வேண்டியதில்லை. பகுதிக்கு ஒரு பிரதிநிதி உண்டு. இந்தப் பிரதிநிதிகள் கவுன்சிலரின் தலைமையில் வார்டு குழுவாகச் சேர்வார்கள். குழு பேசி அனுப்புவது மன்றத்துக்குப் போகும்.

ஒரு ஓட்டை இருக்கிறது. பகுதிப் பிரதிநிதி தேர்தலில் வருவதில்லை, மன்றம் நியமிக்கிறது. நடைமுறையில் கவுன்சிலர் சொல்லும் பெயர்தான் போகும். அதனால் பல ஊர்களில் வார்டு குழு என்றாலே கவுன்சிலரின் நாலு ஆட்கள் என்ற பேச்சு இருக்கிறது, அதில் உண்மையும் இருக்கிறது. ஆனாலும் சபைக்கு வருகிற உரிமை யாருடைய நியமனத்தையும் சார்ந்தது அல்ல. ஓட்டுரிமை இருந்தால் போதும், போய் உட்காரலாம், பேசலாம்.

என்ன பேசலாம்? தெருவிளக்கு எந்த இடத்தில் வேண்டும், பொதுக்குழாய் எங்கே, குப்பை வண்டி எந்தத் தெருவுக்கு வருவதில்லை, கழிவுநீர் எங்கே தேங்குகிறது, அடுத்த ஆண்டு பகுதிக்குச் செய்ய வேண்டிய வேலைகளில் எது முதலில், எது பிறகு என்பது வரை. இந்த முன்னுரிமை வரிசைதான் சபையின் பெரிய பலம். ஆனால் சபை சொன்னால் மன்றம் கட்டாயம் செய்தாக வேண்டும் என்றில்லை, அது பரிந்துரைதான். இதைத் தெரிந்துகொண்டு போனால் ஏமாற்றம் குறையும்.

சபைக்குப் போகும் முன் ஒரு விஷயத்தைப் பிரித்துக்கொள்ள வேண்டும். உங்கள் பிரச்சினை பராமரிப்பா, புதுப் பணியா? எரியாத பல்பை மாற்றுவது, அடைத்த சாக்கடையை வாருவது, உடைந்த குழாயை ஒட்டுவது எல்லாம் பராமரிப்பு. இதற்கு மன்றமும் வேண்டாம், சபையும் வேண்டாம். குப்பை, சாக்கடை அடைப்பு என்றால் சுகாதார ஆய்வாளர். விளக்கு, குழாய், சாலை என்றால் பொறியியல் பிரிவில் உதவிப் பொறியாளர். வரி என்றால் பில் கலெக்டர், அவருக்கு மேல் வருவாய் ஆய்வாளர். கட்டட அனுமதி, விதிமீறிய கட்டடம் என்றால் நகரமைப்பு ஆய்வாளர். எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள், ஒரு வாரத்தில் நடக்கவில்லை என்றால் ஆணையரிடம் போங்கள். பேரூராட்சியாக இருந்தால் செயல் அலுவலர். முதல்வரின் உதவி மையம் 1100-க்குப் போன் செய்தாலும் புகார் பதிவாகி அதே அலுவலகத்துக்குத்தான் வந்து சேரும், ஆனால் பதில் சொல்ல வேண்டிய கட்டாயத்தோடு வரும்.

புது வடிகால், புது சாலை, புது மின்கம்ப வரிசை, பூங்கா, அங்கன்வாடிக் கட்டடம் போன்றவை புதுப் பணி. இதற்குத்தான் மன்றத் தீர்மானமும் நிதியும் வேண்டும். இதற்குத்தான் பகுதி சபை.

இன்னொன்றும் பார்க்க வேண்டும்: அது நகராட்சியின் வேலைதானா? கூட்ட நேரத்தில் பாதி இதில் வீணாகிறது. ஊருக்கு நடுவே போகும் பெரிய சாலை பெரும்பாலும் நெடுஞ்சாலைத் துறையுடையது. அதில் பள்ளம் விழுந்தால் மன்றம் கடிதம்தான் எழுத முடியும். மின்வெட்டும் சாய்ந்த மின்கம்பமும் மின்வாரியத்தின் பொறுப்பு, கம்பத்தில் தொங்கும் தெருவிளக்கு மட்டும் நகராட்சியின் பொறுப்பு. பட்டா தாலுகா அலுவலகம். ரேஷன் கடையும் இங்கே வராது. கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் தண்ணீரைத் தொலைவிலிருந்து ஊர்வரை கொண்டுவருவது குடிநீர் வடிகால் வாரியம், ஊருக்குள் வீடுவீடாகப் பிரித்துக் கொடுப்பது நகராட்சி. ஆகவே தண்ணீர் வரவில்லை என்றால், ஊர் முழுக்க வரவில்லையா, நம் தெருவுக்கு மட்டுமா என்று முதலில் கேட்டுப் பாருங்கள். பதிலிலேயே யாரைப் பிடிக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

இனி கோரிக்கையை எழுதும் விதம். "எங்கள் பகுதியில் சாக்கடை வசதி சரியில்லை, ஆவன செய்ய வேண்டும்" என்று எழுதினால், ஆவன செய்யப்படும் என்ற பதிலோடு முடிந்துவிடும். இப்படி எழுதிப் பாருங்கள்: "பள்ளிவாசல் தெரு வடக்கு முனையில் தொடங்கி ரேஷன் கடை வரை, சுமார் 80 மீட்டருக்கு மேற்குப் பக்கம் வடிகால் இல்லை. மழைநீர் கிழக்கே உள்ள பிரதான வடிகாலில் சேர வழியில்லாமல் பள்ளிக்கூட வாசலில் தேங்குகிறது. மேற்கண்ட தூரத்துக்கு மூடியுடன் கூடிய கான்கிரீட் வடிகால் அமைக்க மதிப்பீடு தயாரித்து மன்றத்தின் முன் வைக்கக் கோருகிறோம்." தூரம், பக்கம், தண்ணீர் போய்ச் சேருமிடம் மூன்றும் வந்துவிட்டால் பொறியாளர் மதிப்பீடு போடும் வேலை பாதி முடிந்தது. தண்ணீர் போய்ச் சேரும் இடத்தை எழுதாமல் விட்டால், பக்கத்துத் தெருவில் கொண்டுபோய் விடும் வடிகால் ஒன்றைக் கட்டிவிடுவார்கள், அடுத்த மழைக்கு அந்தத் தெருக்காரர்கள் மனுவோடு வருவார்கள்.

சபையில் இதை வாசித்துவிட்டு, நடவடிக்கைக் குறிப்பேட்டில் எழுதப்படுவதைக் கண்ணால் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, பேசியதைப் பிறகு நிரப்பிக்கொள்கிறோம் என்று சொல்லும் பழக்கம் உண்டு. நிரம்புவது வேறு ஏதாவதாக இருக்கும். தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு. உங்கள் கவுன்சிலர் பெண்ணாக இருந்தால் கூட்டத்தை நடத்த வேண்டியவரும் கையெழுத்திட வேண்டியவரும் அவர்தான். அவர் வீட்டுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து நடத்துவதற்குச் சட்டத்தில் இடமில்லை. இதை மரியாதையாகச் சொல்லலாம், ஆனால் சொல்ல வேண்டும்.

எப்போது சொல்வது என்பதும் முக்கியம். அடுத்த ஏப்ரலில் தொடங்கும் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தை அதற்கு முன்பே மன்றம் நிறைவேற்றியாக வேண்டும். மார்ச் மாதம் போய்க் கேட்டால் பட்ஜெட் முடிந்துவிட்டது என்பார்கள். டிசம்பர், ஜனவரியை ஒட்டி நடக்கும் சபைதான் புதுப் பணிக்குச் சரியான நேரம்.

அடுத்தது நகர்மன்றக் கூட்டம். கூட்டத்துக்கு முன் கவுன்சிலர்களுக்கு அஜெண்டா போகும், அதில் ஒவ்வொன்றும் ஒரு "பொருள்". படித்துப் பழகாதவர்களுக்கு அதன் நடை கொஞ்சம் மிரட்டும். ஒரே வாக்கியம் அரைப் பக்கத்துக்கு ஓடி, "மன்றத்தின் பார்வைக்கும் முடிவுக்கும் வைக்கப்படுகிறது" என்று முடியும். இதில் மூன்று சொற்களைக் கவனித்தால் போதும். "பார்வைக்கு" என்றால் தகவல் மட்டும். "முடிவுக்கு" என்றால் மன்றம் சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்ல வேண்டும். "பின்னேற்பு" என்றால் வேலை ஏற்கெனவே தலைவரின் முன் அனுமதியோடு நடந்துவிட்டது, இப்போது மன்றம் ஒப்புதல் தருகிறது. புயல், மழை, மோட்டார் பழுது என்றால் முன் அனுமதி நியாயம். மாதாமாதம் பாதிக்கு மேல் பின்னேற்பாகவே இருந்தால் உங்கள் மன்றம் முடிவு எடுக்கவில்லை, நடந்ததற்கு முத்திரை குத்துகிறது என்று அர்த்தம். ஐம்பது பொருள்களை அரை மணி நேரத்தில் "ஆல் பாஸ்" என்று முடிப்பதும் இந்த வகைதான். எதிர்க்கட்சிக் கவுன்சிலர்களின் வெளிநடப்பு மறுநாள் பேப்பரில் வரும், ஆல் பாஸ் ஆன பொருள்கள் வராது.

ஆகவே தீர்மானத்தை நாமே தேடிப் படிக்க வேண்டியிருக்கிறது. கவுன்சிலரிடம் அஜெண்டா நகல் கேட்கலாம், பலரும் கொடுத்துவிடுவார்கள். கிடைக்காவிட்டால் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம். வெள்ளைத் தாளில் எழுதி 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலர், இன்ன நகராட்சி என்று பதிவுத் தபாலில் அனுப்பினால் 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். "இன்ன மாதக் கூட்டத்தின் பொருள்களும் தீர்மானங்களும்" என்று மட்டும் கேளுங்கள். ஏன், எதற்கு என்று கேள்வி கேட்டால் அது தகவல் அல்ல என்று திருப்பி அனுப்ப இடம் கொடுத்ததாகிவிடும். பதில் வராவிட்டால் 30 நாளுக்குள் மேல்முறையீட்டு அலுவலரிடம், அதற்கும் சரிப்படாவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்திடம் போகலாம்.

"நிதி இல்லை" என்ற பதில் வந்தால் உடனே மனம் தளர வேண்டாம், எந்த நிதி இல்லை என்று கேளுங்கள். நகராட்சியின் சொந்த வருவாயில் முக்கியமானது சொத்து வரி. அதன் பிறகு மாநில நிதிக் குழு மானியம், மத்திய நிதிக் குழு மானியம், சட்டமன்ற உறுப்பினர் தொகுதி நிதி என்று தனித்தனிப் பைகள் உண்டு. நமக்கு நாமே திட்டத்தில் மக்கள் பங்காக மூன்றில் ஒரு பாகம் கொடுத்தால் மீதியை அரசு போடும். ஒரு சங்கமோ, ஊரில் தொழில் செய்பவரோ முன்வந்தால் பூங்கா, பள்ளிக் கழிப்பறை போன்றவை இதில் சீக்கிரம் நடக்கும். வடிகால், சாலைக்கெல்லாம் மக்களிடம் வசூல் செய்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அதற்குத்தானே வரி கட்டுகிறோம்.

 

தீர்மானமும் நிதியும் கிடைத்து, டெண்டர் முடிந்து வேலை தொடங்கிவிட்டால் பெரும்பாலானோர் பார்ப்பதை விட்டுவிடுகிறார்கள். பார்க்க வேண்டிய நேரமே அதுதான். செய்த வேலையின் நீளம், அகலம், கனம் எல்லாம் அளவுப் புத்தகத்தில், அதாவது எம் புக்கில் பொறியாளர் கையால் ஏறும். அதை வைத்துத்தான் ஒப்பந்ததாரருக்குப் பில். 80 மீட்டர் கேட்டு, 80 மீட்டருக்குத் தீர்மானம் போட்டு, தெருவில் 65 மீட்டரில் நின்றுபோன வடிகாலுக்கு எம் புக்கில் எவ்வளவு எழுதியிருக்கிறது என்பதை நீங்கள் பார்க்கலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் பிரிவு 2(j), ஆவணத்தைப் பார்வையிடவும், வேலையை நேரில் ஆய்வு செய்யவும், பயன்படுத்திய பொருளின் சான்றளித்த மாதிரியை எடுக்கவும் உரிமை கொடுக்கிறது. பார்வையிட முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. போகும்போது ஒரு அளவு நாடாவும், கூடத் தெருவைச் சேர்ந்த இரண்டு பேரும் இருந்தால் நல்லது. கணக்கில் பெரிய வித்தியாசம் தெரிந்தால், எம் புக் நகலையும் படங்களையும் சேர்த்து முறைகேட்டுப் புகார்களை விசாரிக்கும், உள்ளாட்சி அமைப்புகளுக்கான முறைமன்ற நடுவத்தில் புகார் கொடுக்கலாம். அதற்கென 2014-லேயே தனிச் சட்டம் இருக்கிறது.